அபெர்வான்: மேட்டுக்கு அடியில் ஓடிய ஊற்று

அவையோருக்கு வணக்கம்.

1966 அக்டோபர் 21, வெள்ளிக்கிழமை, காலை 9.15. தெற்கு வேல்ஸில் அபெர்வான் என்ற சின்னச் சுரங்க ஊர். அன்று நண்பகலோடு பள்ளிக்கு விடுமுறை. பிள்ளைகள் வகுப்பில் உட்கார்ந்த நேரம், மலைமேல் இருந்த நிலக்கரிக் கழிவு பான்ட்கிளாஸ் பள்ளியின் மேல் இறங்கியது. இறந்தவர்கள் 144 பேர். அதில் 116 பேர் குழந்தைகள்.

மழைமேல் பழி போடுவது எளிது. அந்த மாதம் மழை கொட்டியது உண்மைதான். ஆனால் அன்று சரிந்திறங்கிய 7ஆம் எண் கழிவுமேட்டை 1958இல் கொட்டத் தொடங்கியதே ஊற்றுகளின் மேல். நிலப்படத்திலேயே இருந்த ஊற்றுகள் அவை! இடத்தை ஆராயாமலே மேடு 34 மீட்டர் உயர்ந்தது.

கொட்டியதில் கல் மட்டுமல்ல, நிலக்கரியைக் கழுவி வடிகட்டியபின் மிஞ்சும் மாவுபோன்ற பொடியும் இருந்தது. தண்ணீர் வடிய வழியில்லாவிட்டால் துகள்களின் இடுக்கில் அழுத்தம் ஏறும். ஒன்றையொன்று தாங்கிய துகள்கள் பிடி விடும். அடி சற்றே நழுவினால் போதும், மேடு குழம்பாகி ஓடும். ஓட்டம் நின்று நீர் வடிந்ததும் அதே குழம்பு இறுகிவிடும். மீட்பவர்கள் கையால் தோண்டியும், காலை 11 மணிக்குப் பிறகு எவரையும் உயிரோடு எடுக்க முடியவில்லை.

அன்று காலை மேட்டில் வேலைக்கு ஏறியவர்கள் உச்சி மூன்று மீட்டர் உள்வாங்கியதைப் பார்த்தார்கள். தொலைபேசிக் கம்பி திருடு போயிருந்ததால் ஒருவர் நடந்தே இறங்கிச் சேதி சொன்னார். இந்தக் கம்பியைப் பற்றித்தான் இன்றும் அதிகம் பேசுகிறார்கள். தொலைபேசி இருந்திருந்தாலும் உயிர்கள் தப்பியிருக்காது என்றே விசாரணை மன்றம் சொன்னது. கவனிக்க வேண்டிய காலம் அதற்கு முன்பே கடந்துவிட்டது: 1944இல் 4ஆம் எண் மேடு சரிந்தது, 1963இல் இதே 7ஆம் மேடும் சரிந்தது.

மேட்டைச் சோதிக்கப் போகிறவர் உச்சிக்கு ஏறுமுன் அடிவாரத்தைச் சுற்ற வேண்டும். புதிதாக ஈரம் கசிகிறதா, கசிவு கலங்கலா, மண் முன்னே பிதுங்குகிறதா என்று பார்க்க வேண்டும். அபெர்வானில் அப்படிப் பார்க்கச் சொல்லும் விதியே, சுரங்கத்தை நடத்திய அரசு அமைப்பான தேசிய நிலக்கரி வாரியத்திடம் இல்லை. 1967இல் மன்றம் வாரியத்தையே பொறுப்பாக்கியது. யார்மீதும் வழக்கு இல்லை. கழிவுமேடுகளுக்கான சட்டம் 1969இல் வந்தது.

மிச்ச மேடுகளை அகற்ற, ஊருக்கு வந்த நன்கொடை நிதியிலிருந்தே 1,50,000 பவுண்டை எடுத்தார்கள். அந்தத் தொகை 1997இல் திரும்பி வந்தது, வட்டியில்லாமல்.