நூறு மார்க் வாங்கக் கூடாத வார்டு

(பச்சிளம் குழந்தை வாரத்தையொட்டி ஓர் அரசு மருத்துவக் கல்லூரியில் பயிற்சி மருத்துவர்களிடம் பேசியது. எழுத்தில் கொண்டுவரும்போது சில இடங்களைச் சுருக்கியிருக்கிறேன்.)

எல்லோருக்கும் வணக்கம். நைட் டியூட்டி முடித்தும் வீட்டுக்குப் போகாமல் முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும் சிஸ்டர்களுக்கு முதல் வணக்கம். பின்வரிசையில் இப்போதே கண் சொக்க ஆரம்பித்திருக்கும் ஹவுஸ் சர்ஜன்களுக்கு அடுத்த வணக்கம். தூங்குங்கள், தப்பில்லை. லேபர் வார்டு பார்த்துவிட்டு வந்தவர்களின் தூக்கத்தைக் கெடுக்க எனக்கு மனசு வராது.

பச்சிளம் குழந்தைகளுக்கான தீவிர சிகிச்சைப் பிரிவான எங்கள் என்.ஐ.சி.யூ.வில் சுவரோரமாக ஓர் அடி அகலத்துக்குத் தரை தேய்ந்து கிடக்கிறது. வருஷா வருஷம் மாணவர்கள் முதல் நாள் வந்து நிற்கிற இடம் அது. உள்ளே வருவார்கள், 900 கிராம் குழந்தையைப் பார்ப்பார்கள், அப்படியே பின்வாங்கிச் சுவரோடு ஒட்டிக்கொள்வார்கள். தீக்குச்சி மாதிரி விரல், உள்ளே ஓடுகிற நரம்பு தெரிகிற தோல், வாயில் ஒரு குழாய், மூக்கில் ஒரு குழாய், பாதத்தில் சிவப்பு விளக்கு. யாருக்குத்தான் கை நீளும்? மேற்படிப்பு படிக்கிற பி.ஜி.க்கள் கோபப்படுவார்கள்: "வேடிக்கை பார்க்கவா வந்தீங்க?" நான் கோபப்படுவதில்லை. இந்தத் துறையில் பாதி, வேடிக்கை பார்த்தவர்கள் போட்ட அஸ்திவாரம்தான்.

ஒரு கதை சொல்கிறேன். 1956, இங்கிலாந்தில் எசெக்ஸ் பக்கம் ராக்ஃபோர்டு மருத்துவமனை. குறைமாதக் குழந்தைகள் பிரிவைப் பார்த்துக்கொண்டவர் சிஸ்டர் வார்டு (வார்டு என்பது அவர் பெயர்). வெயில் நன்றாக அடிக்கிற நாளில் குழந்தைகளை வெளியே முற்றத்துக்குக் கொண்டுபோய்க் காற்றாட வைப்பது அவர் வழக்கம். ஒருநாள் ரவுண்ட்ஸ் வந்த டாக்டர்களிடம் ஒரு குழந்தையின் துணியை விலக்கிக் காட்டினார். உடம்பெல்லாம் வெளுத்திருக்கிறது, ஓரிடத்தில் மட்டும் முக்கோணமாக அடர் மஞ்சள். "என்ன சிஸ்டர், அயோடின் ஏதாவது தடவினீர்களா?" என்கிற மாதிரி கேட்டார்களாம். தடவவில்லை. விரிப்பின் ஒரு மூலை மடிந்து அந்த இடத்தை மூடியிருந்தது, அவ்வளவுதான். வெயில் பட்ட இடத்தில் மஞ்சள் இறங்கியிருந்தது, படாத இடத்தில் அப்படியே இருந்தது. அப்புறம் அதே மருத்துவமனையில் ஜன்னலோரம் வெயிலில் மறந்துபோன ஒரு ரத்த சாம்பிள் டியூபிலும், மஞ்சள்காமாலையில் உடம்பை மஞ்சளாக்குகிற பிலிருபின் குறைந்திருந்தது. இரண்டையும் சேர்த்து யோசித்து, 1958இல் லான்செட் இதழில் கட்டுரை வந்தது. நம் வார்டில் நீல விளக்கின் கீழே கண்கட்டு போட்டுக்கொண்டு படுத்திருக்கிற குழந்தைகள் எல்லோரும் அந்த முக்கோணத்துக்குக் கடன்பட்டவர்கள்.

நம்மூர்ப் பாட்டிகளும் பிள்ளையை இளவெயிலில் காட்டத்தான் சொல்கிறார்கள். ஆனால் அதை மட்டும் நம்பி வீட்டிலேயே வைத்திருந்து, உள்ளங்கால் வரை மஞ்சளாகி, பால் குடிக்காமல் துவண்டபிறகு தூக்கிக்கொண்டு ஓடிவரும் குழந்தைகளை நான் பார்த்திருக்கிறேன். பிலிருபின் மூளையில் ஏறிவிட்டால் எந்த விளக்கும் திருப்பித் தராது. பாட்டியிடம் இதைச் சொல்ல வேண்டியதும் உங்கள் வேலைதான்.

இன்னொருவர் நம் நாட்டுக்காரர். கன்வல்ஜீத் ஆனந்த். இந்தூர் மருத்துவக் கல்லூரியில் படித்துவிட்டு, 1980களின் தொடக்கத்தில் ஆக்ஸ்ஃபோர்டில் பயிற்சியில் இருந்தார். வார்டிலிருந்து ஆபரேஷனுக்குப் போகும்போது நன்றாக இருந்த குறைமாதக் குழந்தைகள், திரும்பி வரும்போது வெளிறிப்போய், மூச்சும் நாடியும் தாறுமாறாகி வருவதைக் கவனித்தார். பெரியவர்களுக்கு இது பழகிப்போயிருந்தது. இவருக்குப் பழகவில்லை. விசாரித்தால், அசையாமல் இருக்க மருந்து கொடுத்திருக்கிறார்கள், வலிக்கு உருப்படியாக எதுவும் கொடுக்கவில்லை. பச்சைக்குழந்தைக்கு வலி அவ்வளவாகத் தெரியாது, மயக்க மருந்தையும் அது தாங்காது என்று உலகமே நம்பிக்கொண்டிருந்த காலம். வலிமருந்து கொடுத்த குழந்தைகளையும் கொடுக்காத குழந்தைகளையும் ஒப்பிட்டு 1987இல் அவர் வெளியிட்ட ஆய்வுக்குப் பிறகு அந்த நம்பிக்கை ஆட்டம் கண்டது. குதிகாலில் ரத்தம் எடுக்கும் முன் நாக்கில் இரண்டு சொட்டுத் தாய்ப்பால் விடச் சொல்லி சிஸ்டர் உங்களை நிறுத்துவார். "ஒரு குத்துதானே சிஸ்டர்" என்று சொல்லிவிடாதீர்கள்.

அப்கார் ஸ்கோர் எல்லோருக்கும் மனப்பாடம். அது ஒரு மாணவர் கேட்ட கேள்வியில் பிறந்தது என்பார்கள். நியூயார்க்கில் கொலம்பியா மருத்துவமனைச் சாப்பாட்டுக்கூடத்தில், காலைச் சாப்பாட்டு நேரத்தில், பிறந்த குழந்தையின் நிலையை எப்படி மதிப்பிடுவது என்று ஒரு மாணவர் கேட்க, மயக்க மருந்து நிபுணரான வர்ஜீனியா அப்கார் கைக்குக் கிடைத்த தாளில் ஐந்து விஷயங்களைக் கிறுக்கிக் கொடுத்தாராம். 1953இல் அது கட்டுரையானது. ஒரு விஷயம் மட்டும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். ஒரு நிமிட அப்கார் போட்டு முடிக்கும்வரை காத்திருந்தால் குழந்தை காத்திருக்காது. அழாத குழந்தைக்கு முதல் அறுபது நொடிக்குள், மூச்சுக் கொடுக்கிற பையும் மாஸ்க்கும் வேலையை ஆரம்பித்திருக்க வேண்டும். ஸ்கோரை அப்புறம் எழுதிக்கொள்ளலாம்.

சரி, சுவரோரம் நிற்கிறீர்கள். எதைப் பார்ப்பது? முதல் வாரம் நான் ஒரே ஒரு வேலைதான் கொடுப்பேன். மானிட்டருக்கு முதுகைக் காட்டி நின்று, குழந்தையின் மூச்சை ஒரு முழு நிமிஷம் எண்ணுங்கள். சுலபமாகத் தெரியும். போன பேட்ச்சில் ஒரு தம்பி பதினைந்து நொடி எண்ணி, நாலால் பெருக்கி, 72 என்று எழுதிவிட்டு பி.ஜி.யைக் கூப்பிட ஓடினான். நான் பிடித்து நிறுத்தி மறுபடி எண்ண வைத்தேன். 48. குறைமாதக் குழந்தை கடகடவென்று மூச்சுவிடும், அப்புறம் ஏழெட்டு நொடி சும்மா இருக்கும், மறுபடி ஆரம்பிக்கும். அந்தச் சும்மா இருக்கிற நேரம் இருபது நொடியைத் தொட்டாலோ, அதற்குள்ளேயே நிறம் மாறி இதயத்துடிப்பு இறங்கினாலோ அது வேறு கதை. பதினைந்து நொடி எண்ணுகிறவனுக்கு இரண்டுக்கும் வித்தியாசம் தெரியவே வாய்ப்பில்லை. அந்தத் தம்பி இரண்டாம் வாரம் ஒரு குழந்தையைப் பார்த்து, "சார், நேத்து இவன் மூச்சுவிடும்போது விலா உள்ளே போகல, இன்னைக்குப் போகுது" என்றான். மானிட்டரில் எண்கள் எதுவும் மாறியிருக்கவில்லை. எக்ஸ்ரே எடுத்தோம். அவன் சொன்னது சரி.

அடுத்தது அளவு. பெரியவர்கள் வார்டிலிருந்து வருகிறவர்களுக்கு இங்கேதான் தலை சுற்றும். ஒரு கிலோ குழந்தையின் உடம்பில் ஓடுகிற மொத்த ரத்தம் 80, 90 மில்லி. நம் வாசல் டீக்கடையின் ஒரு கிளாஸ். அதிலிருந்து நீங்கள் ஒரு மில்லி எடுத்தால், உங்கள் உடம்பிலிருந்து 50 மில்லிக்கு மேல் எடுத்ததற்குச் சமம். "சாம்பிள் பத்தல, இன்னொரு தடவை எடுத்துருங்க" என்று லேபிலிருந்து போன் வரும்போது இந்த டீ கிளாஸ் கண்முன் வர வேண்டும்.

மூச்சும் அப்படித்தான். ஒரு கிலோ குழந்தைக்கு ஒரு மூச்சுக்குத் தேவையான காற்று ஐந்து மில்லி சுமார், ஒரு டீஸ்பூன். நம் கையில் இருக்கிற பை கால் லிட்டர், அதற்கு மேலும் இருக்கும். பொம்மையில் பயிற்சி செய்யும்போது நெஞ்சு எழும்பவில்லை என்றால் எல்லோரும் செய்கிற முதல் காரியம், இன்னும் பலமாக அமுக்குவது. கோளாறு அனேகமாக வேறெங்கோ இருக்கும். மாஸ்க் ஓரத்தில் காற்று கசியும், அல்லது கழுத்து மடங்கியிருக்கும். பூவை மோந்து பார்க்கிற மாதிரி தலை லேசாக நிமிர்ந்திருக்கட்டும். மாஸ்க்கைச் சரியாகப் பொருத்துங்கள். அப்புறம் இரண்டு விரலால் அமுக்கினாலே நெஞ்சு மெல்ல எழும்பும். அதைக் கண்ணால் பார்த்த கை பிறகு மறக்காது. பொம்மையில் இருநூறு தடவை செய்யுங்கள், அது அழாது, புகாரும் கொடுக்காது.

இனி என் கதை. நான் பி.ஜி.யாக இருந்தபோது, எந்த ஊர், எந்த ஆஸ்பத்திரி என்பதெல்லாம் வேண்டாம். விடிகாலை மூன்று மணி. 1.2 கிலோ குழந்தைக்கு ஜென்டாமைசின் என்ற ஆன்டிபயாட்டிக் எழுத வேண்டும். 6 மில்லிகிராம். ஆம்பூலில் 2 மில்லியில் 80 மில்லிகிராம், அதாவது ஒரு மில்லியில் 40. அப்படியானால் 0.15 மில்லி. நான் 1.5 மில்லி என்று எழுதிக் கையெழுத்தும் போட்டுவிட்டேன். சிஸ்டர் ஃபைலைத் திரும்பக் கொண்டுவந்து மேஜைமேல் வைத்தார். "சார், இது குழந்தைக்கா, குழந்தையோட அப்பாவுக்கா?" நான் எழுதியது 60 மில்லிகிராம். உண்மையிலேயே அப்பாவுக்குப் போடுகிற அளவு. அது உள்ளே போயிருந்தால் சிறுநீரகமும் காதும் என்ன ஆகியிருக்குமோ. அவர் சத்தம் போடவில்லை, யாரிடமும் சொல்லவுமில்லை. நான்தான் காலையில் போய் என் புரொபசரிடம் சொன்னேன், திட்டும் வாங்கினேன். அன்றிலிருந்து புள்ளிக்கு முன்னால் சுழியைப் பெரிதாகப் போடுகிறேன், கணக்கைப் பக்கத்தில் இருப்பவரிடம் வாய்விட்டுச் சொல்கிறேன். நீங்கள் சொல்லும்போது சிஸ்டர் புருவத்தை உயர்த்தினால், அவரோடு வாதாடாதீர்கள். கணக்கை மறுபடி போடுங்கள்.

இப்போது மார்க் விஷயம். நீங்கள் எல்லோரும் சின்ன வயதிலிருந்து நூற்றுக்கு நூறு வாங்கியே இங்கே வந்து சேர்ந்தவர்கள். அதனால் ரத்தத்தில் ஆக்சிஜன் எவ்வளவு என்று சொல்கிற சேச்சுரேஷன் 91 என்று காட்டினால் உங்களுக்குப் பொறுக்காது. ஆக்சிஜன் திருகைக் கொஞ்சம் கூட்டுவீர்கள். 97. இன்னும் கொஞ்சம். 100. திருப்தியாக வெளியே போவீர்கள். ஆக்சிஜன் ஓடுகிற குறைமாதக் குழந்தைக்கு அந்த நூறு ஃபெயில் மார்க். நமக்கு வேண்டியது 90க்கும் 95க்கும் நடுவில்.

ஏன் என்றால், 1940களில் இன்குபேட்டருக்குள் ஆக்சிஜனைத் தாராளமாக விட்டார்கள். நல்லெண்ணம்தான். நீலமாக இருந்த குழந்தைகள் ரோஜா நிறமானார்கள். கொஞ்ச மாதத்தில் அந்தக் குழந்தைகளுக்குப் பார்வை இல்லை என்று தெரிந்தது. விழித்திரையின் ரத்தக் குழாய்கள் முழுதாக வளரும் முன்னரே பிறந்துவிட்ட கண்கள், அதிக ஆக்சிஜனில் கெட்டுப்போயின. 1951இல் மெல்போர்னில் கேட் கேம்பெல் என்ற குழந்தை மருத்துவர், ஆக்சிஜன் தாராளமாகக் கொடுத்த குழந்தைகளிடம்தான் இது அதிகம் என்று எடுத்துக்காட்டினார். அந்தக் காலத்தில் உலகம் முழுக்க சுமார் 10,000 குழந்தைகள் பார்வை இழந்தார்கள். அப்புறம் எல்லோரும் பயந்துபோய் ஆக்சிஜனை ஒரேயடியாகக் குறைத்தார்கள். கண் பிழைத்தது, மூச்சில்லாமல் குழந்தைகள் இறந்தார்கள். அந்த 90, 95 என்ற குறுகலான சந்து இரண்டு பக்கமும் அடிபட்டுக் கண்டுபிடித்த வழி. மானிட்டரில் மேல் எல்லைக்கும் அலாரம் வைத்திருப்பது அதற்காகத்தான். "சும்மா கத்திக்கிட்டே இருக்கு" என்று அதை அமுக்கிவிட்டுப் போகிறவரை நான் போஸ்டிங்கை விட்டே அனுப்பியிருக்கிறேன். இரண்டு கிலோவுக்குக் குறைவாகப் பிறந்த குழந்தைக்கு முப்பது நாளுக்குள் கண் டாக்டர் பார்த்தாரா என்று கேஸ் ஷீட்டில் தேடுங்கள். டிஸ்சார்ஜ் ஆகிப் போன குழந்தையைப் போன் போட்டு வரவழைப்பது ஹவுஸ் சர்ஜன் வேலையா என்று ஒருவர் கேட்டார். ஆமாம், உங்கள் வேலைதான்.

பாலாடை பற்றிச் சொல்லாமல் விட முடியாது. சில ஊரில் சங்கு என்பார்கள். நம் வீட்டுப் பரணில் கிடக்கிற அந்த மூக்கு வைத்த சின்னக் கிண்ணம், பாலாடை என்ற பெயரிலேயே ஆங்கிலப் பாடப்புத்தகத்திலும் இருக்கிறது. கர்ப்பக் கணக்கில் 34 வாரம் வரைக்கும் உறிஞ்சுவது, விழுங்குவது, மூச்சுவிடுவது மூன்றும் ஒழுங்காக இணையாது. அந்தக் குழந்தைகளில் கொஞ்சம் தேறியவர்களுக்கு இதுதான் வழி. முனையை உதட்டோரத்தில் வையுங்கள், பாலை நாக்குத் தொடும்வரை சாய்த்துவிட்டு நிறுத்துங்கள். குழந்தையே நக்கிக் குடிக்கும். விழுங்கியதைப் பார்த்துவிட்டு அடுத்ததைச் சாயுங்கள். 20 மில்லிக்கு அரை மணி ஆகட்டுமே. இதை என்னிடம் கற்றுக்கொள்ளாதீர்கள், எனக்கே சுமார்தான். வார்டில் மூன்று வாரமாக இருக்கிற எந்த அம்மாவிடமாவது கேளுங்கள்.

அந்த அம்மாக்களை இன்னமும் பல இடங்களில் வாசலுக்கு வெளியேதான் நிறுத்துகிறோம். 1978இல் கொலம்பியா நாட்டின் போகோட்டா நகரில் இன்குபேட்டர் போதாமல், தொற்று தாங்காமல், டாக்டர் எட்கர் ரே குழந்தைகளைத் தாயின் மார்போடு சேர்த்துக் கட்டிவைக்க ஆரம்பித்தார். கங்காரு முறை. ஏழை நாட்டுக்கான மாற்று ஏற்பாடு என்றுதான் பல காலம் நினைத்தார்கள். 2021இல் ஐந்து நாடுகளில் செய்த ஆய்வு வெளிவந்தது, டெல்லி சஃப்தர்ஜங் மருத்துவமனையும் அதில் உண்டு. குழந்தை ஸ்திரமாகட்டும் என்று காத்திருக்காமல் பிறந்த உடனேயே தாயிடம் சேர்த்ததில், முதல் 28 நாளில் இறப்பு கால்பங்கு குறைந்தது. அதற்கு அம்மாவின் கட்டிலை உள்ளே கொண்டுவர வேண்டும். இட நெருக்கடி என்பார்கள், உண்மைதான். முதலில் சுவரோரம் இருக்கிற இரண்டு பழைய பீரோவை எடுங்கள் என்று நானும் பல கமிட்டிகளில் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

கடைசியாக வாசல். அங்கே எப்போதும் ஒரு பாட்டி உட்கார்ந்திருப்பார். வெள்ளைக் கோட்டைப் பார்த்தால் எழுந்துவிடுவார். நீங்கள் மாணவர் என்பது அவருக்குத் தெரியாது. போன வருஷம் ஒரு பாட்டியிடம் நம் பிள்ளை ஒருத்தி, அவசரத்தில், "பேரனைப் பெட்டியில வச்சிருக்கோம் பாட்டி" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். இன்குபேட்டரைத்தான் சொன்னாள், நாமும் அப்படித்தான் சொல்கிறோம். அந்தப் பாட்டி போன மாதம்தான் கணவரைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்து எடுத்தவர். தரையில் உட்கார்ந்து மாரில் அடித்துக்கொண்டு அழ ஆரம்பித்துவிட்டார். அந்தப் பெண் ஓடிவந்து, என்ன செய்வதென்று தெரியாமல், பாட்டியின் கையைப் பிடித்து அப்படியே உள்ளே கூட்டிவந்தாள். கை கழுவ வைத்தாள், கவுன் மாட்டிவிட்டாள், இன்குபேட்டர் பக்கத்தில் நிறுத்தினாள். பாட்டி கண்ணாடியில் மூக்கை வைத்து ரொம்ப நேரம் பார்த்தார். "இவன் கொட்டாவி விடுறானே" என்றார்.

நாளை காலை ஏழரைக்கு முதல் பேட்ச். மோதிரம், வளையல், வாட்ச் எல்லாம் ஹாஸ்டலிலேயே இருக்கட்டும், முழங்கை வரை கழுவ வேண்டியிருக்கும். நகம் வெட்டிக்கொண்டு வாருங்கள். நன்றி, வணக்கம்.