ஆடுன காலு சும்மா இருக்காது: செவன்ஸ் (டீமுக்கு ஏழு பேரு ஆடுற ஃபுட்பால்) ஃபைனல் மேடையில பேசுனது

எல்லாருக்கும் வணக்கம். மைக் கேக்குதா? அந்தாண்ட கோல் போஸ்ட்டுல தொங்கினு இருக்கிற தம்பிங்களா, கேக்குதா? சரி, மொதல்ல எறங்குங்க, போஸ்ட்டு வாடகைக்கு எடுத்தது.

மேடைல இருக்கிற மாமன்ற உறுப்பினர் அம்மா அவர்களே, பந்தோபஸ்துக்கு வந்துட்டு இப்ப பரிசு குடுக்க மேடையேறிட்ட இன்ஸ்பெக்டர் ஐயா அவர்களே, நம்ம வியாபாரிகள் சங்கத் தலைவர் அண்ணன் அவர்களே (டிராஃபி அண்ணன் உபயம், கை தட்டுங்கபா), ரயில்வேக்கு கோல் கீப்பரா நின்னு ரிட்டயர் ஆன எங்க பெரியண்ணன் அவர்களே, ஹெட்மாஸ்டர் ஐயா, பந்தல் போட்ட தம்பிங்க, கரண்டு குடுத்த எதிர்வீட்டு அம்மா, யாரையாவது விட்டிருந்தா மன்னிச்சிக்கோங்க. போன வருஷம் தண்ணி கேன் போட்ட தம்பி பேர விட்டேன், ஆறு மாசம் என்கூட பேசல.

ஒரு விண்ணப்பம். இப்ப எனக்கு ஒரு பொன்னாடை போத்துனீங்க, ரொம்ப சந்தோஷம். ஆனா இந்த மேடைல இதுவரைக்கும் பதினாலு பொன்னாடை, நான் எண்ணிகினேதான் உக்காந்திருந்தேன். அந்தக் காசுக்கு ரெண்டு நல்ல ஃபுட்பால் வந்திருக்கும். அடுத்த வருஷம் பாலையே கையில குடுங்க, ஃபோட்டோவுக்கும் நல்லாருக்கும்.

எனக்குக் குடுத்த தலைப்பு 'ஒரு ஃபார்வர்டின் வாழ்க்கை'. மூணு விஷயம் பேசலாம்னு வந்திருக்கேன். ஒண்ணு காசு, ரெண்டு காயம், மூணு கிரவுண்டு. எங்க ஆயா ஒரு பழமொழி சொல்லும், ஆடுன காலும் பாடுன வாயும் சும்மா இருக்காதுன்னு. ஆயா சொன்னது எங்க தாத்தாவ, அவரு தெருக்கூத்து ஆடுனவரு, வயசானப்புறம் திண்ணையில உக்காந்தாலும் காலு தாளம் போட்டுனே இருக்கும். எனக்கு என்னமோ அது ஸ்ட்ரைக்கருக்குன்னே சொன்ன மாதிரி தோணும்.

ஏன்னா ஃபார்வர்டு, அதான் முன்னாடி நின்னு கோல் போடுற ஸ்ட்ரைக்கர், அவன் பொழப்பு ஒரு மாதிரி பொழப்புபா. 90 நிமிஷத்துல பாதி நேரம் அவன்கிட்ட பாலே வராது, சும்மா ஓடணும், டிஃபெண்டர் முட்டிய இடிப்பான், ஜெர்சிய இழுப்பான், திடீர்னு ஒரு பால் வரும், அத அடிச்சா சாமி, விட்டா அம்மா வரைக்கும் இழுத்து திட்டுவான். பின்னாடி நின்னு தடுக்குற பேக் ஆடுறவன் பத்து தடவ காப்பாத்துனது யாருக்கும் ஞாபகம் இருக்காது, ஃபார்வர்டு ஒரு தடவ வெளிய அடிச்சது பேரன் பேத்தி எடுத்தாலும் மறக்காது. 1986ல நான் மேல அடிச்ச பெனால்டிய பெரியண்ணன் இன்னிக்கும் கேக்குறாரு. தோ, சிரிக்கிறாரு பாருங்க.

காசுன்னு சொன்னேன்ல. அந்தக் காலத்துல ஐசிஎஃப், ரயில்வே, இந்தியன் பேங்க்னு டிபார்ட்மென்ட் டீமுங்க இருந்துச்சு, நல்லா கோல் போட்டா ஸ்போர்ட்ஸ் கோட்டால வேலை, காலு போனாலும் சம்பளம் வரும். இப்ப கான்ட்ராக்ட்டு. நம்ம நந்தகுமார் சேகர எடுத்துக்கோங்க, மெட்ராஸ் பையன், சென்னை சிட்டி கிளப்புக்கு ஐ-லீக்குன்ற தேசிய லீக் ஆடுனான், 2017ல டெல்லி டைனமோஸ் கூட்டினு போனாங்க, 2019ல அந்த டீமையே தூக்கி புவனேஸ்வர்ல வச்சு ஒடிசா எஃப்சின்னு பேர மாத்திட்டாங்க, இவனும் பொட்டிய கட்டினு போனான். வீடு மாத்துறது தெரியும், வேலையே ஊரு மாறுறது பாத்திருக்கீங்களா? காசு கதை இன்னும் இருக்கு, அப்புறம் வரேன். மொதல்ல கூழு கதைய சொல்லிடறேன், இல்லன்னா மறந்துடும்.

2023 ஆகஸ்ட் 12, சனிக்கிழமை. ஆடி மாசம். மறுநாள் ஞாயிறு எங்க தெரு அம்மனுக்கு கூழ் ஊத்துறோம். சாயங்காலமே அடுப்பு மூட்டி, அண்டாவுல நொய் வெந்துனு இருக்கு, புளிச்ச கேழ்வரகு மாவ கரைச்சு ஊத்திட்டாங்க, துடுப்பு என் கையில. மாவு ஊத்துனப்புறம் கைய எடுக்கவே கூடாது, எடுத்தா கட்டி தட்டிடும், இல்ல அடி பிடிச்சிடும். அன்னிக்குத்தான் டூரண்ட் கப்புல ஈஸ்ட் பெங்கால், மோகன் பகான் டெர்பி, அதான் ஒரே ஊரு டீமுங்க ரெண்டு மோதுற மேட்சு. நம்ம நந்தா அந்த வருஷம்தான் ஈஸ்ட் பெங்கால் போயிருக்கான். அவங்க வரிசையா எட்டு டெர்பி தோத்து, கடைசியா ஜெயிச்சு நாலரை வருஷம் ஆவுது. நான் இன்னா பண்ணேன், உப்பு மூட்டை மேல ஃபோன சாச்சு வச்சுட்டு, ஒரு கண்ணு ஃபோன்ல ஒரு கண்ணு அண்டாவுல கிளறினு இருக்கேன். என் வீட்டம்மா ரெண்டு தபா சொல்லுச்சு, கூழ பாருன்னு. பாத்துனுதான் கீறேன்னு சொன்னேன்.

ஆறு மணி இருக்கும். செகண்ட் ஹாஃப். ரைட் சைடுல நந்தா கால்ல பால். எதுக்க மோகன் பகான் அனிருத் தாபா, லேசுப்பட்ட ஆளில்ல, இந்தியாவுக்கு ஆடுறவன். இவன் உள்ள வெட்டுனான் பாருங்க, அப்படியே இடது கால மாத்தி ஒரு சுத்து சுத்தி விட்டான், பால் கீப்பர தாண்டி அந்தப் பக்க போஸ்ட்டு ஓரமா உள்ள போச்சு. நான் துடுப்ப போட்டுட்டு 'போட்டான்டா!'ன்னு கத்தினு தெருவுல ஓடிட்டேன். உடுக்கை அடிக்கிறவரு எனக்கு அருள் வந்துடுச்சுன்னு நெனச்சு ஜோரா அடிக்க ஆரம்பிச்சுட்டாரு, ஒரு அம்மா வேப்பிலைய கொண்டாந்து மூஞ்சில அடிக்குது, இன்னொருத்தர் பயபக்தியா 'யாருமா வந்திருக்கிறது?'ன்னு கேக்குறாரு, நான் 'நந்தா, நந்தா'ன்னு சொல்றேன், புதுசா இருக்கே, எந்த ஊரு சாமின்னு கேக்குறாரு. திரும்பி வந்து பாத்தா அண்டா அடி பிடிச்சு தெரு முழுக்க தீஞ்ச வாடை. மறுநாள் எவ்ளோ மோரு ஊத்தியும் போவல, கருவாட்டுக் கொழம்ப ரெண்டு கரண்டி சேத்து ஊத்தி சமாளிச்சோம். அதுக்கப்புறம் இன்னிக்கு வரைக்கும் எனக்கு துடுப்பு குடுக்கறதில்ல. மேட்சு 1-0.

அதோட நின்னானா? அதே கப்பு செமில நார்த் ஈஸ்ட் டீமுக்கு எதிரா ஈஸ்ட் பெங்கால் தோத்துனு இருக்கு, டைம் முடிஞ்சு இஞ்சுரி டைம் ஓடினு இருக்கு, அப்பவும் இவன்தான் அடிச்சு 2-2 ஆக்குனான், பெனால்டில ஜெயிச்சாங்க. ஃபைனல்ல அதே மோகன் பகான்கிட்ட தோத்தாங்க, அத நான் விவரிக்கல. 2023 ஏப்ரல்ல ஒடிசாவோட சூப்பர் கப் எடுத்தவன், 2024 ஜனவரில ஈஸ்ட் பெங்காலுக்கு ஆடி, அதே ஒடிசாவுக்கு எதிரா ஃபைனல்ல கோல் போட்டு அதே கப்ப திரும்ப எடுத்தான். ஆடுன காலு சும்மா இருக்குமா?

நான் கேக்குறது இன்னான்னா, அந்த மாதிரி வெட்டு எந்த கோச்சு ஒரு வாரத்துல சொல்லிக் குடுப்பான்? காலைல ஸ்கூலுக்கு முன்னாடி, சாயங்காலம் இருட்டுற வரைக்கும், செருப்ப போஸ்ட்டா வச்சு ஆயிரம் தபா வெட்டுனாதான் வரும். அதுக்கு எடம் வேணும், எடத்துக்குக் காசு கேக்கக் கூடாது.

கேரளாவுல ஐ.எம். விஜயன். திருச்சூர் ஸ்டேடியத்துல சோடா வித்த பையன். சோடா விக்கப் போனவன் மேட்சு பாத்தான், மேட்சு பாத்தவன் பால தொட்டான், 17 வயசுல கேரளா போலீஸ் டீமு, அப்புறம் இந்தியா கேப்டன், 2025ல பத்மஸ்ரீ. அந்த ஸ்டேடியத்து கேட்ட பூட்டி டிக்கெட் வச்சு தொரத்தியிருந்தா சோடாதான் வித்துனு இருந்திருப்பாரு.

நம்ம ஊர்ல 2024 அக்டோபர்ல இன்னா நடந்துச்சு? ஒம்போது ஃபுட்பால் கிரவுண்ட தனியாருக்கு விட்டு, ஒரு ஆளுக்கு மணிக்கு 120 ரூபான்னு மாநகராட்சில தீர்மானம். 22 பேரு ரெண்டு மணி நேரம் ஆடுனா 5280 ரூபா, கணக்கு போட்டுப் பாருங்க. எல்லாரும் கத்துனதும் வாபஸ் வாங்குனாங்க, அதுக்கு நன்றியும் சொல்லிக்கிறேன், அம்மா இருக்காங்க. ஆனா தீர்மானம்தான் வாபஸ், பூட்டு வாபஸ் ஆகலையே! நம்ம கிரவுண்டு கேட்டுல ஆறு மணிக்கெல்லாம் பூட்டு. சாவி யார்கிட்டன்னு கேட்டா அவர கேளு, இவர கேளு. பசங்க செவுரு ஏறி குதிக்குதுங்க, போன மாசம் ஒரு பையனுக்கு உள்ளங்கை கிழிஞ்சு ஆறு தையல். பொம்பளப் புள்ளைங்க செவுரு ஏறுமா? அதுங்க வீட்டுக்குத் திரும்பிப் போவுது. இந்த வருஷம் கேர்ள்ஸ் டீம் நாலு வந்திருக்கு, டிரஸ் மாத்த எடமில்லாம பந்தல் துணிய சுத்தி நிக்குதுங்க, நீங்களே பாத்தீங்க.

2018ல மும்பைல இந்தியா மேட்சு, கேப்டன் சுனில் சேத்ரி ஹாட்ரிக் அடிக்கிறான், மூணு கோல், பாக்க வந்தது 2569 பேரு. திட்டறதா இருந்தாலும் ஸ்டேடியத்துக்கு வந்து திட்டுங்கன்னு வீடியோ போட்டு கெஞ்சுனான். இங்க நம்ம செவன்ஸ பாக்க யாரும் கெஞ்சல, மாடி மேல நிக்கிறாங்க. கூட்டம் இருக்கு, காலு இருக்கு, கேட்டுதான் தொறக்கல.

இன்ஸ்பெக்டர் ஐயா வாட்ச்ச பாக்குறாரு. காயத்த பத்தி நம்ம சென்னையின் டீமுக்கு ஆடுன ஸ்ட்ரைக்கர் ஜெஜெ முட்டி கதை ஒண்ணு வச்சிருந்தேன், கீழ வாங்க, டீ குடிச்சுனே சொல்றேன். இப்ப கேக்குறது நாலே: கேட்டு காலைல அஞ்சுல இருந்து ராத்திரி ஒம்போது வரைக்கும், ரெண்டு ஹைமாஸ் லைட்டு, ஒரு தண்ணி கொழா, பொண்ணுங்களுக்கு கதவு வச்ச ஒரு ரூமு கக்கூஸோட. மனு எழுதி வச்சிருக்கேன். அம்மா மொத கையெழுத்து போடறேன்னு மேடைக்கு வரும்போதே சொல்லிட்டாங்க, இல்லமா? அவங்க தலைய ஆட்டுனத எல்லாரும் பாத்தீங்க, வீடியோவும் ஓடினு இருக்கு.

நோட்டு அந்த சவுண்டு சர்வீஸ் பொட்டி மேல இருக்கு. பேனாவ நூலு போட்டு கட்டியிருக்கேன், அவுத்துனு போயிடாதீங்கபா.