பட்டியலில் இல்லாத பாட்டு

நேயர்களுக்கு வணக்கம்.

1990களின் கடைசி ஆண்டுகளில் தரவரிசைப் பட்டியல்களில் ஏறிய ஆங்கிலப் பாப் பாடல்களைப் பற்றிப் பேச வேண்டும் என்று நிலையத்தார் கேட்டார்கள். என் வாழ்வில் பாதி நாட்கள் மனத்துக்குள் இதைத்தான் பேசிக்கொண்டிருக்கிறேன். அதனால் உடனே ஒப்புக்கொண்டேன்.

அந்த ஆண்டுகளில் நான் பிரிட்டனில் மாணவி. ஞாயிற்றுக்கிழமை மாலையில் பி.பி.சி. ரேடியோ 1 அந்த வாரத்தின் நாற்பது பாடல்களைக் கீழிருந்து மேலாக ஒலிபரப்பும். நாற்பதில் தொடங்கி, இருட்டும் நேரத்தில் ஒன்றாம் இடத்தில் முடியும். வானொலிப் பெட்டிக்கு முன்னால் தரையில் உட்கார்ந்து, பதிவுப் பொத்தானில் விரலை வைத்தபடி காத்திருப்பேன். அறிவிப்பாளர் பேசி முடித்ததும் அழுத்த வேண்டும். அவர் எப்போது முடிப்பார் என்பது யாருக்கும் தெரியாது. என் கேசட்டுகளில் பாதிப் பாடல்களின் முதல் வரி மேல் அவருடைய குரல் படிந்திருக்கும். உங்களில் பலரிடமும் அப்படிப்பட்ட கேசட்டுகள் இருந்திருக்கும். இன்று அதே பாடல்களைத் துல்லியமான பதிவில் கேட்டால், அந்தக் குரல் வர வேண்டிய இடத்தில் ஏதோ விட்டுப்போனது போலத் தோன்றுகிறது.

மடியில் ஒரு நோட்டுப் புத்தகமும் இருக்கும். ஒவ்வொரு வாரமும் எந்தப் பாடல் எந்த இடத்தில் என்று எழுதி வைப்பேன். அந்த நோட்டு இப்போதும் என்னிடம் இருக்கிறது. அதில் 1997ஆம் ஆண்டின் தொடக்கப் பக்கத்தைப் பாருங்கள். பார்க்க முடியாது, நானே படித்துவிடுகிறேன். ஜனவரி நடுவிலிருந்து முதலிடம்: டோரி ஏமோஸ், ஒரு வாரம். ஒயிட் டவுன், ஒரு வாரம். ப்ளர், ஒரு வாரம். எல்.எல். கூல் ஜே, ஒரு வாரம். யூ2, ஒரு வாரம். ஐந்து வாரம், ஐந்து பாடல்கள். பிரிட்டன் முழுவதன் ரசனையும் ஏழு நாட்களுக்கு ஒருமுறை தலைகீழாக மாறியதா என்ன? இல்லை. கணக்கு எடுக்கப்பட்ட விதம் அப்படி.

பிரிட்டனின் பட்டியல் அப்போது ஒன்றே ஒன்றைத்தான் எண்ணியது. கடையில் விற்ற சிங்கிள்கள், அதாவது ஓரிரு பாடல்கள் மட்டும் கொண்ட சிறு வெளியீடுகள். பாடல் கடைக்கு வருவதற்குப் பல வாரங்கள் முன்பே வானொலியில் ஒலிக்கத் தொடங்கிவிடும். ரசிகர்களுக்கு மனப்பாடமே ஆகிவிடும், ஆனால் வாங்க முடியாது. பிறகு ஒரு திங்கட்கிழமை அது கடைக்கு வரும். முதல் வாரம் மட்டும் விலை குறைவாக இருக்கும். 1.99 பவுண்டுக்குக் கிடைத்த சிடி, அடுத்த வாரம் 3.99 பவுண்டு ஆகிவிடும். நான் மாணவி. திங்கட்கிழமையே ஓடுவேன். என்னைப் போல எல்லோரும் ஓடினார்கள். வாரக்கணக்கில் அணைகட்டித் தேக்கிய தண்ணீரை ஒரே நாளில் திறந்துவிட்டால் எப்படிப் பாயும்? பாடல் நேராக முதலிடத்தில் நுழையும். அடுத்த வாரம் வேறொரு அணை திறக்கும், இது கீழே இறங்கும். பாடல் பிடிக்காமல் போனதால் இறங்கவில்லை. வாங்க வேண்டியவர்கள் வாங்கிவிட்டார்கள், அவ்வளவுதான்.

அந்த ஐந்தில் ஒயிட் டவுன் என்று ஒரு பெயர் படித்தேன். அங்கே கொஞ்சம் நின்றுவிட்டுப் போக அனுமதியுங்கள். பெயரைக் கேட்டால் ஒரு குழு என்று தோன்றும். உண்மையில் அது ஒரே ஒரு மனிதர். ஜோதி மிஸ்ரா. ஒடிசாவின் ரூர்கேலாவில் பிறந்து, சிறு குழந்தையாக இங்கிலாந்துக்குப் போனவர். டெர்பி நகரில், தன் வீட்டிலேயே, எளிய கருவிகளை வைத்துக்கொண்டு ‘யுவர் வுமன்’ என்ற பாடலைப் பதிவுசெய்தார். பாடல் ஓர் ஊதுகொம்போடு தொடங்கும். அந்த ஊதுகொம்பு அவர் வாசித்ததல்ல. 1932இல் லூ ஸ்டோன் இசைக்குழுவோடு அல் போலி பாடிய ஒரு பழைய இசைத்தட்டிலிருந்து எடுத்தது.

முதன்முதலில் அது என் வானொலியில் ஒலித்தபோது வேறு ஏதோ நிலையம் குறுக்கே புகுந்துவிட்டது என்றே நினைத்தேன். கரகரப்பான, எங்கோ தூரத்திலிருந்து வருகிற ஒலி. அலைவரிசையைத் திருத்தக் கையை நீட்டினேன். நீட்டிய கை அந்தரத்தில் நிற்க, அந்தப் பழைய ஒலிக்கு அடியிலிருந்து புதிய தாளம் எழுந்து வந்தது. மேலே ஒரு மெல்லிய ஆண் குரல், தன்னால் உன்னுடைய பெண்ணாக ஒருபோதும் இருக்க முடியாது என்று பாடுகிறது. யார் யாரிடம் சொல்வது? ஆணா, பெண்ணா? கேட்பவரே முடிவு செய்துகொள்ள வேண்டியதுதான். 65 ஆண்டுகளுக்கு முந்தைய ஓர் ஊதுகொம்பும், டெர்பியில் ஒரு வீட்டு அறையும், ரூர்கேலாவில் பிறந்த ஒருவரும் சேர்ந்து பிரிட்டனின் முதலிடம்! அந்த ஞாயிற்றுக்கிழமை நான் பொத்தானைச் சரியான நேரத்தில் அழுத்தினேன். அந்தக் கேசட்டில் அறிவிப்பாளரின் குரல் கிடையாது.

நோட்டில் அந்தப் பாடலுக்கு நேராக இருப்பது ஒரு வாரம், ஒரு ‘1’. நோட்டை மட்டும் படிப்பவருக்கு அந்த ஊதுகொம்பு கேட்காது.

அடுத்த வருடம், 1998 பிப்ரவரியில், இன்னொரு முதலிடம் எனக்கு அதேபோன்ற புல்லரிப்பைக் கொடுத்தது. கார்னர்ஷாப் குழுவின் ‘பிரிம்ஃபுல் ஆஃப் ஆஷா’. அந்த ஆஷா, நம் ஆஷா போஸ்லேதான். லதா மங்கேஷ்கர் பெயரும் முகமது ரஃபி பெயரும் அந்தப் பாடலுக்குள் வரும். முதலில் வெளியானபோது பெரிதாக ஏறவில்லை. நார்மன் குக் என்ற டி.ஜே. அதை வேகப்படுத்தி மறுகலவை (ரீமிக்ஸ்) செய்த பிறகுதான் உச்சிக்குப் போனது. இதைப் பற்றி இன்னும் பேசலாம், ஆனால் எனக்கு அந்த 1997ஆம் ஆண்டுப் பக்கத்துக்குத் திரும்ப வேண்டும்.

ஐந்து ஒற்றை வாரங்களுக்குப் பிறகு ஆறாவதாக ஒரு பாடல் வந்தது. மூன்று வாரம் நின்றது. நோ டவுட் குழுவின் ‘டோன்ட் ஸ்பீக்’. நேயர்களே, இந்தப் பாடலைப் பற்றித்தான் இன்று நான் உண்மையில் பேச வந்தேன்.

குழு கலிபோர்னியாவைச் சேர்ந்தது. பாடியவர் க்வென் ஸ்டெஃபானி. அவரும் குழுவில் பேஸ் கிதார் வாசித்த டோனி கனாலும் பல ஆண்டுகள் காதலர்கள். பிறகு பிரிந்துவிட்டார்கள். அந்தப் பிரிவைத்தான் பாடல் சொல்கிறது. விட்டுப் பிரிந்தவர் பின்னால் நின்று வாசிக்க, விடப்பட்டவர் முன்னால் நின்று பாடினார், மேடைக்கு மேடை. இதைத் தெரிந்துகொண்டு கேட்டால் தொண்டையை அடைக்கும்.

என் அக்கா அப்போது அமெரிக்காவில் இருந்தாள். என் பைத்தியம் அவளுக்குத் தெரியும். பில்போர்டு இதழில் வரும் ‘ஹாட் 100’ பட்டியலைக் கத்தரித்து மாதம் ஒருமுறை தபாலில் அனுப்புவாள். அந்த வசந்த காலத்தில் வந்த உறையைப் பிரித்து ‘டோன்ட் ஸ்பீக்’ எங்கே இருக்கிறது என்று தேடினேன். முதல் பத்தில் இல்லை. ஐம்பதில் இல்லை. நூறு வரியையும் விரல் வைத்துப் படித்தேன். இல்லவே இல்லை. தொலைபேசியில் கேட்டேன்.

“அக்கா, இந்தப் பாட்டு அங்கே யாருக்கும் பிடிக்கவில்லையா?”

“பிடிக்கவில்லையா? காலையில் காரை எடுத்தால் அது. கடைக்குப் போனால் அது. இரவு பக்கத்து வீட்டு ஜன்னல் வழியாகவும் அதுதான்.”

“அப்படியானால் பட்டியலில் ஏன் இல்லை?”

அவளுக்குத் தெரியவில்லை. எனக்கும் தெரியவில்லை. பக்கத்தை மாற்றிக் கத்தரித்துவிட்டாள் என்று அவள் மேல் எனக்குக் கொஞ்சம் கோபம்கூட வந்தது. காரணம் பிற்பாடுதான் புரிந்தது.

அமெரிக்கப் பட்டியல் இரண்டை எண்ணியது: கடை விற்பனையையும், வானொலி எத்தனை முறை ஒலிபரப்பியது என்பதையும். ஆனால் வாசலில் ஒரு நிபந்தனை இருந்தது. சிங்கிளாகக் கடைக்கு வந்த பாடலுக்கு மட்டுமே உள்ளே இடம். அமெரிக்காவில் ‘டோன்ட் ஸ்பீக்’ சிங்கிளாக விற்பனைக்கு வரவில்லை. பாடல் வேண்டுமா, முழு ஆல்பத்தையும் வாங்குங்கள் என்பதுதான் அப்போதைய இசை நிறுவனங்களின் வழி. சில டாலருக்கு ஒரு பாடலை விற்பதைவிட அதைப்போலப் பல மடங்கு விலைக்கு ஆல்பத்தை விற்பது அவர்களுக்கு லாபம். மக்களும் வாங்கினார்கள். அந்த ஆல்பம் அமெரிக்காவில் மட்டும் ஒரு கோடிப் பிரதிகளைத் தொட்டது. வானொலி ஒலிபரப்பை மட்டும் கணக்கெடுக்கும் தனிப் பட்டியல் ஒன்று உண்டு. அதில் இந்தப் பாடல் 16 வாரம் முதலிடத்தில் இருந்தது. பதினாறு வாரம், நேயர்களே. நாடே கேட்ட பாட்டு அது. ஹாட் 100இல் ஒரு நாள்கூட இல்லை.

முன்வாசலில் நின்று தலைகளை எண்ணுகிறவன், பின்வாசல் வழியாக வந்தவர்களைக் கணக்கில் சேர்க்க மாட்டான். வீடு நிறைந்து வழிந்தாலும் அவன் தாளில் அது தெரியாது. அன்றிலிருந்து எந்தப் பட்டியலைப் பார்த்தாலும் எனக்கு முதலில் எழும் கேள்வி, இவர்கள் எந்த வாசலில் நின்று எண்ணினார்கள் என்பதுதான்.

‘டோர்ன்’ பாடலுக்கும் இதே கதி. நடாலி இம்ப்ரூலியா பாடியது. அவருக்கு முன்பே 1993இல் டேனிஷ் மொழியில் ஒருவர் பாடி வெளியிட்டிருந்தார் என்பது பலருக்குத் தெரியாது. 1997 நவம்பரில் பிரிட்டனில் இரண்டாம் இடம் வரை வந்தது. அக்வா குழுவின் ‘பார்பி கேர்ள்’ மேலே உட்கார்ந்திருந்ததால் முதலிடம் கிடைக்கவில்லை. ஆனாலும் பிரிட்டனில் பத்து லட்சத்துக்கு மேல் விற்றது. அமெரிக்காவில் வானொலிப் பட்டியலில் 11 வாரம் முதலிடம். அங்கேயும் சிங்கிள் கடைக்கு வரவில்லை, ஆகவே ஹாட் 100இல் இடமில்லை. கூ கூ டால்ஸ் குழுவின் ‘ஐரிஸ்’ வானொலியில் 18 வாரம் உச்சியில் இருந்தது. அதுவும் வெளியில்தான் நின்றது.

கடைசியில் பில்போர்டு விதியை மாற்றியது. 1998 டிசம்பர் 5ஆம் தேதியிட்ட பட்டியலிலிருந்து, சிங்கிளாக வராத பாடலும் வானொலியின் பலத்தில் உள்ளே வரலாம் என்று ஆனது. ‘ஐரிஸ்’ உள்ளே வந்தது, ஒன்பதாம் இடம். ‘டோர்ன்’ உள்ளே வந்தது, 42ஆம் இடம். வானொலியில் அவற்றின் பெரிய அலை அதற்குள் அடங்கியிருந்தது. இன்று பழைய ஏடுகளைப் புரட்டும் ஓர் இளைஞர், ‘டோர்ன்’ அமெரிக்காவில் 42ஆம் இடம் பிடித்த பாட்டு என்று குறித்துக்கொள்வார். அது உண்மைத் தகவல்தான். ஆனால் 1998ஆம் ஆண்டின் கோடையில் அங்கே இருந்த எவரிடமும் கேட்டுப் பாருங்கள். ‘டோன்ட் ஸ்பீக்’ பாடலுக்கு அந்த 42கூடக் கிடைக்கவில்லை. அதன் நாள் முடிந்துபோயிருந்தது.

நேர்எதிரான கதை ஒன்றும் உண்டு. 1997இல் இளவரசி டயானா இறந்தபோது எல்டன் ஜான் தன் பழைய பாடலுக்குப் புதிய வரிகள் சேர்த்து இறுதிச்சடங்கில் பாடினார். சிங்கிளாக வந்தது. பிரிட்டனில் முதல் வாரத்திலேயே 15 லட்சத்துக்கும் மேல் விற்றது. இன்றுவரை அந்நாட்டில் மிக அதிகம் விற்ற சிங்கிள் அதுதான். என் அறைக்குக் கீழே குடியிருந்த முதியவர், சிடி போடும் கருவியே இல்லாதவர், இரண்டு வாங்கி வந்தார். ஒன்றை அலமாரியில் படத்துக்குப் பக்கத்தில் வைத்தார். அந்த வாரம் பட்டியல் எண்ணியது ஒரு நாட்டின் துக்கத்தை. புதிய வரிகளோடு எல்டன் ஜான் அதை மேடையில் மறுபடி பாடவில்லை. வானொலியிலும் நான் அதை அபூர்வமாகவே கேட்டிருக்கிறேன்.

கண்ணாடிக்கு அப்பாலிருந்து கையைக் காட்டுகிறார்கள், நேரம் நெருங்கிவிட்டதாம். ஸ்டாக்ஹோமில் ஒரு சிறு ஒலிப்பதிவுக் கூடத்திலிருந்து மேக்ஸ் மார்ட்டினும் அவருடைய தோழர்களும் பிரிட்னி ஸ்பியர்ஸுக்கும் பேக்ஸ்ட்ரீட் பாய்ஸுக்கும் எழுதிக் கொடுத்த பாடல்களைப் பற்றிப் பேச இரண்டு பக்கம் எழுதி வைத்திருந்தேன். அதை மூடி வைக்கிறேன். பாடகி ஷேர் பாடிய ‘பிலீவ்’ பற்றி மட்டும் சொல்லிவிடுகிறேன். 1998 இறுதியில் பிரிட்டனில் ஏழு வாரம் முதலிடம். பாடியபோது ஷேருக்கு 52 வயது. குரல் படிக்கட்டில் தாவுவது போல ஒலிக்குமே, அது ஆட்டோ-ட்யூன் என்ற மென்பொருளின் வேலை. சுருதி பிசகினால் திருத்துவதற்காக வந்த கருவி அது. அதைச் செய்தவர் ஆண்டி ஹில்டெபிராண்ட், பூமிக்கடியில் எண்ணெய் தேடும் வேலையில் ஒலி அலைகளை ஆராய்ந்தவர். ‘பிலீவ்’ தயாரிப்பாளர்கள் அதன் அளவை எல்லை வரை திருகிவிட்டு, இரகசியத்தைக் காப்பதற்காக வேறு ஒரு கருவியின் பெயரைப் பத்திரிகைக்குச் சொன்னார்கள். இன்று உலகில் பாதிப் பாடல்களில் அந்தத் தாவல் கேட்கிறது. அடுத்த முறை அழைத்தால் இங்கிருந்தே தொடங்குவேன்.

இப்போது நிலையத்தார் ‘டோன்ட் ஸ்பீக்’ பாடலை ஒலிபரப்பப் போகிறார்கள். நடுவில், குரல் நின்று கிதார் மட்டும் தனியாகப் பேசும் இடம் ஒன்று வரும். அப்போது வானொலியின் ஒலியைக் கொஞ்சம் கூட்டி வையுங்கள். பதிவுசெய்ய விரும்புகிறவர்கள் பொத்தானில் விரலை வைத்துக்கொள்ளுங்கள். நான் பேச்சை முடித்துவிட்டேன். வணக்கம்.