ரோமில் ஒரு வாடகைக் கார்

வானொலி நேயர்களுக்கு வணக்கம்.

34 வருடம் நெடுஞ்சாலைத் துறையில் இருந்தவன் நான். ஓய்வு பெற்ற பிறகும் ரோட்டைக் கண்டால் குனிந்து ஜல்லியைப் பார்க்கிற பழக்கம் போகவில்லை. கல்யாணத்துக்குப் போனாலும் மண்டபத்து வாசலில் தார் எப்படிப் போட்டிருக்கிறான் என்று பார்த்துவிட்டுத்தான் உள்ளே போவேன். ஜெர்மனியில் வேலை பார்க்கும் எங்கள் மகள், "வந்ததே வந்தீங்க, ஒரு வாரம் எங்கேயாவது போய்ட்டு வாங்கப்பா. பாரிஸா, வெனிஸா?" என்று கேட்டாள். ரோம் என்றேன். அதுவும் கார் எடுத்துக்கொண்டு. ரோடு போடுவதை உலகத்துக்கே சொல்லிக் கொடுத்த ஊரில் ரயிலில் போய் இறங்கினால் எனக்கு என்ன மரியாதை?

அந்தக் கார் கதையைத்தான் இன்று சொல்லப் போகிறேன். கதைக்கு நடுவே ஒரு விஷயத்தைத் திரும்பத் திரும்பச் சொல்வேன், பொறுத்துக்கொள்ளுங்கள். சக்கரத்துக்கு மதில் வரைதான் வேலை. மதிலுக்கு உள்ளே கால்.

முதலில் கார் எடுக்கிற சடங்கு. நம் ஊர் ஆர்.டி.ஓ. ஆபீசில் சர்வதேச ஓட்டுநர் அனுமதி வாங்கிக்கொள்ள வேண்டும், ஒரு வருடம் செல்லும். அதை மட்டும் காட்டினால் போதாது, நம் ஒரிஜினல் லைசென்சும் கையில் இருக்க வேண்டும். அப்புறம் ஓட்டுபவர் பெயரிலேயே கிரெடிட் கார்டு வேண்டும், அதில் ஒரு பெரிய தொகையை முடக்கி வைப்பார்கள். சாவி வாங்கியதும் காரைச் சுற்றி வந்து ஒவ்வொரு கீறலையும் போட்டோ எடுங்கள். இவ்வளவுதான். மற்றதெல்லாம் மேஜைக்குப் பின்னால் நிற்கும் பையன் சொல்லுவான், பாதி புரியும்.

ஸ்டியரிங் இடது பக்கம், வண்டி வலது பக்கம். இதற்கு இரண்டு நாளில் பழகிவிடலாம். பழகாத ஒன்று இண்டிகேட்டர். நம் காரில் வலது கைப்பக்கம் இருக்கும் குச்சி, அங்கே இடது கைப்பக்கம். வலது பக்கக் குச்சி வைப்பருக்கு. ஆகவே நான் திரும்ப நினைத்த ஒவ்வொரு தடவையும் பளீர் வெயிலில் வைப்பர் சரக் சரக்கென்று ஓடியது. பின்னால் வந்த இத்தாலியர்களுக்கு இரண்டாம் நாளுக்குள் புரிந்திருக்கும், வைப்பர் ஓடினால் இந்த ஆள் எங்கோ திரும்பப் போகிறான் என்று.

விமான நிலையம் ஃபியுமிசினோவில் இருக்கிறது. அங்கிருந்து ஊருக்குள் வரும்போது ஒரு வட்டச் சாலையைக் கடப்போம். ஏறக்குறைய 68 கிலோமீட்டர், ரோமைச் சுற்றி ஒட்டியாணம் மாதிரி. கிராந்தே ரக்கோர்தோ அனுலாரே, அதாவது பெரிய வட்ட இணைப்புச் சாலை என்று பெயர். சுருக்கினால் ஜி, ஆர், ஏ: கிரா. அந்தச் சாலைக்குக் காரணமான பொறியாளரின் பெயரும் கிரா, எவுஜெனியோ கிரா! ஒரு சாலைக்காரனுக்கு இதைவிட என்ன வேண்டும்? நான் போட்ட சாலைக்கெல்லாம் எண்தான் இருக்கிறது. சரி, அதை விடுங்கள்.

இப்போது முக்கியமான கதைக்கு வருகிறேன்.

நாங்கள் எடுத்திருந்த அறை பியாட்சா நவோனா என்ற சதுக்கத்துக்குப் பக்கத்தில், ஊரின் நட்ட நடுவில் ஒரு சந்து. புதன்கிழமை, பிற்பகல் நாலு மணி. மொபைலில் வழி சொல்லும் பெண் குரல் 'இடது, வலது' என்று சொல்லச் சொல்ல ஓட்டிக்கொண்டு போனேன். ஒரு தெரு முனையில் மின் பலகை. அதில் சிவப்பு எழுத்தில் இரண்டு வார்த்தை: வார்க்கோ அத்தீவோ. என் மனைவி சொன்னாள், "ஏங்க, சிவப்புல என்னமோ எழுதியிருக்கே, கொஞ்சம் நில்லுங்களேன்." நான் சொன்னேன், "வார்க்கோன்னா வழி. அத்தீவோன்னா ஆக்டிவ். வழி திறந்திருக்குன்னு அர்த்தம்மா. வாங்கன்னு கூப்பிடறான்."

உள்ளே போனேன்.

போனால் எல்லாம் ஒருவழித் தெரு. எங்கள் சந்தைத் தாண்டி வந்துவிட்டேன். சுற்றிக்கொண்டு மறுபடியும் அதே முனை, அதே பலகை, வார்க்கோ அத்தீவோ. மறுபடியும் உள்ளே. இந்தத் தடவை சந்து வாசலில் ஒரு லாரிக்காரர் பியர் பெட்டி இறக்கிக்கொண்டிருந்தார். மறுபடியும் ஒரு சுற்று. மூன்றாவது தடவை அந்தப் பலகையைத் தாண்டும்போது பழகிய ஆள் மாதிரி எனக்கு ஒரு சிரிப்புக்கூட வந்தது.

அறைக்குச் சொந்தக்கார அம்மாள் சாவி கொடுக்கும்போது, "டாக்ஸி சீக்கிரம் கிடைத்ததா?" என்று கேட்டார். காரில் வந்தோம் என்றேன். அந்த அம்மாள் இரண்டு கையையும் தலையில் வைத்துக்கொண்டார். அதற்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை.

விஷயம் இதுதான். ரோமின் பழைய நகரப் பகுதி இசட்.டி.எல்., போக்குவரத்து கட்டுப்படுத்தப்பட்ட பகுதி. நாங்கள் போனபோது வார நாள்களில் காலை ஆறரையிலிருந்து மாலை ஆறு வரை, அனுமதி இல்லாத வண்டி உள்ளே வரக்கூடாது. வழியை மறிக்கக் கம்பியும் கிடையாது, காவலரும் கிடையாது. கேமரா ஒன்றுதான். வார்க்கோ அத்தீவோ என்றால், வாசலில் கேமரா வேலை செய்கிறது, வராதே என்று அர்த்தம். 'நோன் அத்தீவோ' என்று இருந்தால்தான் போகலாம். நான் நேர்மாறாகப் படித்திருக்கிறேன். இதில் எனக்கு வெட்கம் எது தெரியுமா? அந்த மின் பலகைக்குப் பக்கத்திலேயே வெள்ளை நடுவும் சிவப்பு வட்டமுமாக ஒரு தகரப் பலகை இருந்தது. எல்லா வண்டிக்கும் தடை. அதே பலகையை நம் மாவட்டத்தில் என் மேற்பார்வையில் எத்தனை இடத்தில் நட்டிருப்பேன்!

தங்குகிற ஓட்டல் இந்தப் பகுதிக்குள் இருந்தால், நம் கார் எண்ணைக் கொடுத்து அனுமதி வாங்கித் தருகிற ஓட்டல்களும் உண்டு. நாங்கள் எடுத்தது அந்த வகை இல்லை. காரை உடனே கிளப்பி, வில்லா போர்கேசே பூங்காவுக்கு அடியில் பெரிய நிலவறை பார்க்கிங் இருக்கிறது, அங்கே கொண்டுபோய் விட்டேன். மூன்று நாள் அது அங்கேயே தூங்கியது. வாடகை ஓடிக்கொண்டிருந்தது.

ஊர் திரும்பி இரண்டு மாதம் ஆகியிருக்கும். ஸ்ரீரங்கத்தில் தரிசன வரிசையில் நிற்கிறேன், போனில் குறுஞ்செய்தி. கார் கொடுத்த கம்பெனி கார்டிலிருந்து பணம் எடுத்திருக்கிறது. அபராதம் இல்லை, என் பெயரையும் விலாசத்தையும் போலீசுக்குச் சொன்னதற்குக் கூலி. மூன்று தடவைக்கு மூன்று கூலி. அபராதம் அதற்கப்புறம் தனியாக வரும். வெளிநாட்டில் இருப்பவருக்கு நோட்டீஸ் அனுப்ப இத்தாலியச் சட்டம் 360 நாள் கொடுக்கிறது. எட்டாம் மாதம் தபால்காரர் வந்தார். "சார், இத்தாலியிலேர்ந்து ரெஜிஸ்டர் தபால், பொண்ணு போட்டிருக்காங்களா?" என்றார். ஒவ்வொன்றும் 80 யூரோவுக்கு மேல். சீக்கிரம் கட்டினால் தள்ளுபடி உண்டு என்று இருந்தது. கட்டினேன்.

கோபம் வந்ததா என்றால், வந்தது. ஆனால் நேயர்களே, அந்தக் கோபத்தில் உட்கார்ந்து ஒரு பழைய சமாச்சாரத்தைத் தேடிப் படித்தேன், கோபம் போய்விட்டது. தென் இத்தாலியில் ஹெராக்லியா என்ற பழைய ஊர் இருந்த இடத்தில் 1732ல் ஒரு வெண்கலப் பலகை கிடைத்தது. இப்போது நேப்பிள்ஸ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ஜூலியஸ் சீசர் காலத்துச் சட்டம், கி.மு. 45 வாக்கில் வந்தது என்று சொல்லப்படுவது, அதில் பொறித்திருக்கிறது. ரோம் நகரத்துக்குள் சூரியன் உதித்ததிலிருந்து பகலின் பத்தாம் மணி வரை வண்டி ஓட்டக்கூடாது. அவர்கள் பகலைப் பன்னிரண்டு பங்காகப் பிரித்தவர்கள். நம் கணக்கில் அது ஏறக்குறைய பிற்பகல் நாலு மணி. ஆக, நேரக் கட்டுப்பாடு புதிதில்லை. இரண்டாயிரம் வருடத்துப் பழசு!

விதிவிலக்குகளைக் கேளுங்கள், இன்னும் வேடிக்கை. கோயில் கட்டக் கல் கொண்டுவரும் வண்டி போகலாம். பொதுக் கட்டடத்தை இடித்த குப்பையை அள்ளும் வண்டி போகலாம். வெஸ்டா கோயில் கன்னியர் பூசைக்குப் போகிற வண்டி, வெற்றி ஊர்வலத்து வண்டி போகலாம். ராத்திரி வந்த வண்டி காலியாகவோ குப்பை ஏற்றிக்கொண்டோ வெளியே போகலாம். இன்றைக்கு உள்ளூர்வாசி, டாக்ஸி, குப்பை லாரி என்று அனுமதிப் பட்டியல் வைத்திருக்கிறார்களே, அதற்குத் தாத்தா இது. பகலில் தடுத்ததால் வண்டியெல்லாம் ராத்திரி கடகடவென்று ஓடி, ரோமில் ஒருவனும் தூங்க முடியவில்லை என்று அந்தக் காலத்துக் கவிஞர் ஒருவர் புலம்பியிருக்கிறார். நான் உடைத்தது சீசர் போட்ட சட்டம் என்று நினைத்துக்கொண்டால் 80 யூரோ பெரிதாகத் தெரியவில்லை. என் மனைவிக்குத் தெரிந்தது.

அதனால்தான் சொல்கிறேன், சக்கரத்துக்கு மதில் வரைதான் வேலை. ரோமுக்கு உண்மையிலேயே மதில் இருக்கிறது. ஔரேலியன் என்ற பேரரசர் கி.பி. 271ல் தொடங்கியது, சுமார் 19 கிலோமீட்டர், பெரும்பகுதி இன்னும் நிற்கிறது. உள்ளே இருந்த மூன்று நாளும் நடந்தோம். தாகம் எடுத்தால் தெருவுக்குத் தெரு இரும்புக் குழாய், நசோனே என்பார்கள், பெரிய மூக்கு என்று அர்த்தம். நாள் முழுக்கத் தண்ணீர் கொட்டிக்கொண்டே இருக்கும், காசு கிடையாது. பாட்டில் வாங்காதீர்கள்.

நாலாம் நாள் காரை எடுத்தோம். இனிமேல்தான் காருக்கு வேலை. முதலில் ஜனிக்கோலோ குன்று. டைபர் ஆற்றுக்கு மேற்கே. கார் மேலேயே ஏறிவிடும். அங்கே தினமும் பகல் பன்னிரண்டு மணிக்கு ஒரு பீரங்கி வெடிக்கும், குண்டு இல்லாமல் சத்தம் மட்டும். ஒவ்வொரு தேவாலயமும் ஒவ்வொரு நேரத்துக்கு மத்தியான மணி அடிக்கிறதே என்று போப் ஒன்பதாம் பயஸ் 1847ல் ஏற்படுத்திய வழக்கம். 1904லிருந்து இந்தக் குன்றில். கீழே ஊர் முழுவதும் கூரையும் குவிமாடமுமாகக் கிடக்கிறது. நாங்கள் தொலைந்த சந்தைக் கண்டுபிடிக்கப் பார்த்தோம், முடியவில்லை.

அங்கிருந்து மதிலின் தெற்கு வாசல், போர்த்தா சான் செபாஸ்தியானோ. பழைய பெயர் போர்த்தா ஆப்பியா. இந்த வாசலில் மட்டும் நான் காரை விட்டு இறங்கி ரொம்ப நேரம் நின்றேன். ஏன் என்றால், இதற்கு வெளியேதான் ஆப்பியா சாலை. கி.மு. 312ல் ஆப்பியஸ் கிளாடியஸ் என்ற ரோம் அதிகாரி போட ஆரம்பித்தது. வாசலைத் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் வலது பக்கச் சுவரில் ஒரு மைல்கல், முதலாம் மைல். பிரதிதான்; அசல் கேப்பிட்டல் குன்றில் இருக்கிறது. மைல் என்ற சொல்லே ரோமானியர் சொல்; ஆயிரம் இரட்டை எட்டு, நம் கணக்கில் ஒன்றரைக் கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவு. அந்த மைலை எங்கிருந்து எண்ணினார்கள் தெரியுமா? ஊர் நடுவிலிருந்து இல்லை. அதற்கும் முந்தைய பழைய மதிலின் வாசலிலிருந்து! வாசல்தான் பூஜ்யம். ரோடு அங்கேதான் பிறக்கிறது. 34 வருடம் மைல்கல்லுக்கு மஞ்சளும் கருப்பும் அடித்த எனக்கு இது தெரியாது.

ஒரு எச்சரிக்கை. முதல் இரண்டு மூன்று கிலோமீட்டர் ஆப்பியாவில் இரண்டு பக்கமும் உயரமான சுவர், நடைபாதை கிடையாது, எதிரே பஸ் வரும். அதைத் தாண்டிச் சிசிலியா மெத்தெல்லா என்ற ரோமானியச் சீமாட்டியின் சமாதிப் பக்கம் காரை ஓரம் கட்டிவிட்டு நடக்க வேண்டும். அங்கே பழைய கருங்கல் பாவிய ரோடு அப்படியே இருக்கிறது. கல்லில் மாட்டுவண்டித் தடம் மாதிரிப் பள்ளம். நான் உட்கார்ந்து கையால் தடவிப் பார்த்தேன். "நல்லவேளை, தெரிஞ்சவங்க யாரும் இல்லை" என்றாள் மனைவி.

கண்ணாடிக்கு அப்பால் நிலையத்து நண்பர் இரண்டு விரலைக் காட்டுகிறார். வெற்றியா, இரண்டு நிமிடமா தெரியவில்லை. இரண்டு நிமிடம்தான்.

அப்படியானால் பார்க்கிங் கோடு, பெட்ரோல் பற்றியெல்லாம் வேகமாகச் சொல்லிவிடுகிறேன். வெள்ளைக் கோடு இலவசம், நீலம் காசு, மஞ்சள் நமக்கில்லை. பெட்ரோல் அங்கே பென்சீனா, டீசல் கசோலியோ, மாற்றிப் போடாதீர்கள். நாமே பிடித்துக்கொண்டால் விலை குறைவு. காரை வந்து இறங்கிய அன்று எடுக்காதீர்கள். ஊரை நடந்து முடித்துவிட்டு, மதிலை விட்டு வெளியே கிளம்புகிற நாளில் எடுங்கள்.

ஓஸ்தியா துறைமுக இடிபாடுகளைப் பற்றித்தான் இன்று அதிகம் பேச நினைத்திருந்தேன். கடல் பக்கம், காரில் முக்கால் மணி நேரம், அரை நாள் வேண்டும். ஒரு சதுக்கத்தைச் சுற்றி வணிகர்களின் கடைகள், கடை வாசலில் கப்பலும் யானையுமாகத் தரையில் பதித்த கல் ஓவியம். முசிறியில் பொன்னைக் கொடுத்து மிளகு ஏற்றிப் போன யவனர் கப்பல்களைப் பள்ளியில் படித்திருப்பீர்கள். அந்த மிளகுக்கென்றே ரோமின் நடுவில் டொமிஷியன் பேரரசர் ஒரு கிடங்கு கட்டினார். அதன் மேலேதான் பிற்பாடு மாக்சென்டியஸ் மண்டபம் எழுந்தது. அதைப் பார்க்க கார் வேண்டாம், பழைய ரோமின் பொதுச் சதுக்கமான ஃபோரத்துக்குள் நடந்தே...

விளக்கு எரிகிறது. வணக்கம்.