கண்ட்ரோலரைக் கீழே வைத்துவிட்டு

நேயர்களுக்கு என் வணக்கம்.

விஆர் (மெய்நிகர் உண்மை) ஹெட்செட்டைத் தலையில் மாட்டியதும் நாம் இருக்கும் அறை மறைந்து வேறோர் இடம் கண்முன் விரிகிறது. அது விமானத்தின் காக்பிட்டாக இருக்கலாம், ஆபரேஷன் தியேட்டராக இருக்கலாம். குனிந்து பார்த்தால் நம் கைகளை மட்டும் காணோம். கை எங்கே இருக்கிறது, என்ன செய்கிறது என்பதை யாராவது எடுத்துச் சொன்னால்தான் அந்தக் கருவிக்குத் தெரியும். வழக்கமாக அதைச் சொல்வது நாம் கையில் பிடித்திருக்கும் கண்ட்ரோலர். அது இல்லாமல், வெறும் கையையே கேமரா பார்த்துப் புரிந்துகொள்ளும் முறைக்குத்தான் ஹேண்ட் டிராக்கிங் என்று பெயர். ஹெட்செட்டின் முகப்பில் ஒட்டிக்கொள்ளும் சிறிய துணைக்கருவியாகவும் இது கிடைக்கிறது. தொழிற்பயிற்சிக்கு விஆர் மென்பொருள் செய்பவன் என்ற முறையில் என்னிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்வி, இதை வாங்கலாமா என்பதுதான். உங்கள் கை என்ன வேலை செய்யப் போகிறது என்று தெரிந்தால்தான் அதற்குப் பதில் சொல்ல முடியும்.

கையைக் கணினிக்குள் கொண்டுபோகும் ஆசை பழையது. 1980களிலேயே அமெரிக்காவின் விபிஎல் நிறுவனம் டேட்டாகிளவ் என்ற கையுறையை விற்றது. விரலோரமாக ஓடும் ஒளியிழை வளையும்போது அதன் வழியே வரும் வெளிச்சம் குறையும். அதை வைத்து விரல் எவ்வளவு மடங்கியது என்று கணக்கிட்டார்கள். கையுறையே வேண்டாம் என்ற நிலைக்கு வீட்டுப் பயனாளரைக் கொண்டுவந்தது, லீப் மோஷன் நிறுவனம் 2013 ஜூலையில் தன் பெயரிலேயே வெளியிட்ட சிறிய கருவி. விலை 80 டாலருக்கு ஒரு சென்ட் குறைவு. அதை விஆருக்காகச் செய்யவில்லை. மேசையில் வைத்து அதற்கு மேலே கையை அசைத்தால் கணினியை இயக்கலாம் என்றுதான் விற்றார்கள். ஆனால் கையை அந்தரத்தில் தூக்கியே வைத்திருந்தால் தோள் கடுக்கும். சாதாரண மவுஸ் போதும் என்று பலர் திரும்பிவிட்டார்கள். அடுத்த ஆண்டே அதை ஹெட்செட்டில் பொருத்தும் பிடி வந்தது. 2016-இல் விஆருக்கென்றே எழுதிய ஓரியன் என்ற மென்பொருளும் வந்த பிறகுதான் அந்தக் கருவிக்குச் சரியான இடம் கிடைத்தது. 2019-இல் அந்த நிறுவனத்தை இங்கிலாந்தின் அல்ட்ராஹாப்டிக்ஸ் வாங்க, இரண்டும் சேர்ந்து அல்ட்ராலீப் ஆயின.

உள்ளே நடப்பதைச் சொல்கிறேன். கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியைக் கருவி முன்னால் பாய்ச்சுகிறது. பக்கத்தில் இருக்கும் கை பளிச்சென்று தெரியும், தூரத்துச் சுவர் மங்கிப்போகும். இரண்டு கேமராக்கள் அதைச் சற்றே வேறுபட்ட இரு கோணங்களில் பார்ப்பதால் தூரமும் தெரிகிறது. பிறகு மென்பொருள் ஒரு கைக்கு இருபதுக்கும் மேற்பட்ட புள்ளிகளை, அதாவது மணிக்கட்டு, மூட்டுகள், விரல்நுனிகளை, நொடிக்குப் பல முறை குறிக்கிறது. தெரியாத விரலை ஊகிக்கிறது. இந்த ஊகத்தில்தான் சிக்கலே. கேமரா நெற்றிப் பக்கம் இருப்பதால் பெரும்பாலும் அது புறங்கையைத்தான் பார்க்கிறது. எதிரே இருப்பதைச் சுட்டிக்காட்டினால் விரல்நுனி கைக்குப் பின்னால் ஒளிந்துகொள்கிறது. ஒரு கை மற்றொன்றை மறைத்தாலும் அதே கதை. விளையாட்டில் வில்லின் நாணை இழுத்துக் காதோரம் கொண்டுபோனால் கை கேமராவின் பார்வையை விட்டே போய்விடும்.

அதனால் வாள் வீசுவது, பந்து எறிவது, சுடுவது போன்ற விளையாட்டுகளுக்கு நான் இதைப் பரிந்துரைப்பதில்லை. அங்கே கண்ட்ரோலர்தான் சிறந்தது. பட்டன் அழுத்தினால் அழுத்தியது அழுத்தியதுதான், ஊகம் கிடையாது. கையில் ஒரு கனமும் அதிர்வும் இருக்கும்.

காக்பிட் வேறு விஷயம். வீட்டில் விமான சிமுலேட்டர் ஓட்டுபவர்கள் ஒரு கையில் விமானத்தைத் திருப்பும் ஸ்டிக், மறு கையில் இன்ஜின் விசையைக் கூட்டிக் குறைக்கும் திராட்டில் வைத்திருப்பார்கள். நடுவில் எதிரே உள்ள சுவிட்சைத் தட்ட வேண்டும் என்றால் ஹெட்செட்டுக்குள் இருந்தபடியே கண்ட்ரோலரைத் தேடி எடுத்து, தட்டிவிட்டு, மறுபடி கீழே வைத்துவிட்டு ஸ்டிக்கைத் துழாவ வேண்டும். தரையிறங்கும் நேரத்தில் இது நடக்கிற காரியமா? ஹேண்ட் டிராக்கிங் இருந்தால் கையை எடுத்து நீட்டித் தட்டிவிட்டு அப்படியே திரும்பலாம். டிசிஎஸ் வேர்ல்ட் என்ற போர்விமான சிமுலேட்டரில் இதற்கு ஆதரவு உண்டு. ஸ்டிக்கைப் பிடித்திருக்கும்போது விரல்கள் மறைந்து கணிப்பு தடுமாறுவதும் உண்டு, ஆனால் அந்த நேரத்தில் நமக்கு டிராக்கிங் தேவையே இல்லை. பொய்யாக எந்தச் சுவிட்சும் தட்டுப்படாமல் அமைப்புகளில் சரிசெய்துகொண்டால் போதும்.

என் துறையில் நான் பெரிதாக மதிக்கும் பயன் இன்னொன்று. வாழ்க்கையில் ஒருமுறைகூட கேம் ஆடாதவர்கள் பயிற்சிக்கு வருகிறார்கள். "ஆள்காட்டி விரலுக்குக் கீழே ட்ரிகர் இருக்கிறது, அதை அழுத்துங்கள்" என்றால் ஹெட்செட் போட்டவருக்கு எது ட்ரிகர் என்று தெரியாது. தப்பான பட்டன் அழுத்தி மெனு திறந்துகொள்ளும், அவர் பதறுவார், வால்வைத் திறக்கும் வரிசையைக் கற்க வந்தவர் பட்டன் வரிசையைக் கற்றுக்கொண்டிருப்பார். வெறும் கையை அசைத்து, அதே கை உள்ளே அசைவதைக் கண்டதும் அவர் முகம் தெளிந்துவிடும். அதே சமயம் வெல்டிங் பயிற்சிக்கு யாராவது இதைக் கேட்டால் வேண்டாம் என்பேன். அங்கே நிஜ டார்ச்சின் எடையும் கோணமும்தான் பாடம். டார்ச்சைத்தான் பின்தொடர வேண்டும், விரலை அல்ல.

அப்புறம், மருத்துவம். சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்த நரம்பியலாளர் வி.எஸ். ராமச்சந்திரன், 1990களில் கலிபோர்னியாவில் ஒரு எளிய கண்ணாடிப் பெட்டியை வைத்துச் செய்த வேலை பலருக்குத் தெரிந்திருக்கும். கை துண்டிக்கப்பட்ட பிறகும் அந்த இல்லாத கையில் வலிக்கிறது என்பவர்கள் உண்டு. இருக்கும் கையைக் கண்ணாடி முன் வைத்து அசைத்தால், பிம்பம் இல்லாத கையின் இடத்தில் அசைவது போல் தெரியும். சிலருக்கு அதில் வலி தணிந்தது. பிறகு பக்கவாதத்தில் கை முடங்கியவர்களுக்கும் கண்ணாடி சிகிச்சை பயன்பட்டது. ஹேண்ட் டிராக்கிங் இருந்தால் அதே உத்தியை விஆருக்குள் செய்யலாம்: கேமரா நல்ல கையைப் பார்க்கிறது, மென்பொருள் அதை இடம் வலமாக மாற்றி மறுபக்கத்தில் காட்டுகிறது. பெட்டியின் எல்லைக்குள் அடங்கியிருக்க வேண்டியதில்லை. டம்ளரை எடுக்கலாம், கதவைத் திறக்கலாம். பிடிப்பு பலவீனமான ஒருவருக்குக் கண்ட்ரோலரைப் பிடிப்பதே முடியாத காரியம் என்பதையும் சேர்த்துப் பாருங்கள். இது மருத்துவரும் இயன்முறை நிபுணரும் கூட இருந்து செய்ய வேண்டியது. கருவி வாங்கிவிட்டால் சிகிச்சை ஆகிவிடாது.

கணினி இல்லாமலே இயங்கும் மெட்டாவின் குவெஸ்ட் ஹெட்செட்டில் 2019 டிசம்பரிலிருந்தே இந்த வசதி உள்ளேயே வருகிறது. அதை வைத்திருப்பவர் தனியாக எதையும் வாங்கும் முன் அதையே முதலில் நன்றாகப் பயன்படுத்திப் பார்க்கட்டும். வால்வ் இன்டெக்ஸ் மாதிரி கணினியோடு இணைக்கும் ஹெட்செட் வைத்திருப்பவர்களுக்குத்தான் துணைக்கருவி உண்மையில் உதவும். வாங்கினால் ஜன்னல் திரையை இழுத்து விடுங்கள், வெயிலிலும் அகச்சிவப்பு இருக்கிறது. முழுக்கைச் சட்டையை மணிக்கட்டுக்கு மேலே மடித்துக்கொள்ளுங்கள். நீங்கள் பயன்படுத்தும் மென்பொருள் அதை ஏற்குமா என்று காசு கொடுக்கும் முன் பாருங்கள். பலர் தவறவிடுவது இதைத்தான்.

என்னோடு இந்தத் தொழிலில் இருப்பவர்களிடமும் ஒன்று கேட்க வேண்டும். இந்த மென்பொருள்கள் எல்லாம் ஐந்து விரலும் முழுதாக உள்ள கையை மனத்தில் வைத்தே ஊகிக்கின்றன. இயந்திரத்தில் விரலை இழந்த தொழிலாளி பயிற்சிக்கு வந்தால், அவருக்கு இல்லாத விரலை அது வரைகிறது, அல்லது கையையே அடையாளம் காணாமல் விடுகிறது. கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் தொட்டால்தான் பொருளை எடுக்கலாம் என்று மட்டும் எழுதி வைக்காதீர்கள். உள்ளங்கையால் தள்ளவும், பார்வையை நிலைநிறுத்தித் தேர்ந்தெடுக்கவும், வேண்டுமென்றால் கண்ட்ரோலருக்கே மாறவும் வழி வையுங்கள். எங்கள் குழுவில் ஒவ்வொரு பயிற்சிக்கும் இப்போது அப்படித்தான் எழுதுகிறோம்.

நன்றி, வணக்கம்.