முதலில் சனத்தை எண்ணுங்கள்

வணக்கம் நேயர்களே.

தெற்காசியாவின் பாதுகாப்பைப் பற்றிப் பேச முடியுமா என்று நிலையத்தில் இருந்து கேட்டபோது கொஞ்சம் யோசித்துத்தான் சரி என்றேன். நான் படித்தது படைத்துறையோ வெளியுறவோ இல்லை. இலங்கையின் வடக்கே வன்னியில் ஒரு பலநோக்குக் கூட்டுறவுச் சங்கத்தில் இருபது வருடத்துக்கு மேல் வேலை செய்தவன். அரிசி மூட்டை, மா மூட்டை, குடும்ப அட்டை, பேரேடு, இவைதான் என் கையில் இருந்தவை. ஒரு வீட்டில் எத்தனை பேர் என்று கேட்டு எழுதுவது என் தொழில். அந்தத் தொழிலில் நின்றுகொண்டே இன்றைக்குப் பேசப் போகிறேன்.

2025 மே மாதம் 7ஆம் திகதி இந்தியா பாகிஸ்தானுக்குள் குண்டு போட்டது. அதற்கு இரண்டு வாரத்துக்கு முன், ஏப்ரல் 22இல், காஷ்மீரின் பஹல்காமில் சுற்றுலா போன இடத்தில் 26 பேரைச் சுட்டுக் கொன்றார்கள். மனைவிக்கும் பிள்ளைக்கும் முன்னால் நிறுத்திச் சுட்டார்கள். அதைச் செய்தவர்களுக்கு எந்த நியாயமும் கிடையாது, இதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை. அப்புறம் நான்கு நாள் சண்டை. 10ஆம் திகதி நிறுத்தினார்கள்.

அந்த நான்கு நாளும் எங்கள் வீட்டில் தொலைக்காட்சி ஓடியது. தமிழ்நாட்டுச் செய்திதான். பக்கத்து வீட்டுப் பெடியன், சாதாரண தரப் பரீட்சை எழுதப் போகிறவன், கையில் போனுடன் ஓடி வந்து கேட்டான்: "மாமா, எத்தனை பிளேன் விழுந்ததாம்?" அவன் 2009 மே மாதம் எங்கள் போர் முடிந்த பிறகு பிறந்தவன். அவனில் பிழை இல்லை. செய்தியில் அதைத்தான் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டு இருந்தார்கள். பாகிஸ்தான் ஐந்து என்கிறது, இந்தியப் பக்கம் இல்லை என்கிறது. அந்த நேரம் திரையில் ட்ரோன் பறக்கிற காட்சி ஒன்று சத்தத்தோடு போனது. அடுப்படியில் நின்ற என் மனைவி வந்து ஒன்றும் பேசாமல் சத்தத்தைக் குறைத்துவிட்டுத் திரும்பிப் போனார். வன்னியில் அந்தச் சத்தத்துக்கு 'வண்டு' என்று பெயர். வண்டு சுற்றினால் கொஞ்ச நேரத்தில் குண்டு போடுகிற கிபிர் விமானம் வரும், இல்லையென்றால் செல் வரும். பதினாறு வருடம் போனாலும் காது மறக்கவில்லை.

பூஞ்ச் என்ற ஊரின் பெயர் அந்த நாட்களில் செய்தியின் ஓரத்தில் வந்து போனது. எல்லைக்கு அருகில் இருக்கிற ஊர். பாகிஸ்தான் பக்கம் இருந்து வந்த செல் வீட்டுக்குள் விழுந்து சனம் செத்தது, பிள்ளைகள் செத்தார்கள், ஒரு குருத்வாராவும் சேதமானது. அங்கே போதிய பங்கர், அதாவது பதுங்குகுழி, இல்லை என்று சனம் குறை சொன்னது. மறுபக்கத்தில் தங்கள் பொதுமக்கள் 40 பேர் செத்ததாகப் பாகிஸ்தான் சொன்னது. சண்டை நின்று மாதக்கணக்காகியும் விழுந்த விமானத்தின் கணக்கில் வாதம் ஓயவில்லை. செத்த சனத்தின் கணக்கில் யாரும் வாதாடியதை நான் கேட்கவில்லை. அந்த இடத்தில்தான் என் பழைய பேரேடு நினைவுக்கு வந்தது.

வன்னியில் எண்ணிக்கை என்றால் சோறு. 2008 செப்டம்பரில் ஐக்கிய நாடுகள் சபையின் ஆட்களைக் கிளிநொச்சியை விட்டு வெளியேறச் சொன்னது அரசாங்கம். போக வேண்டாம், எங்களோடு நில்லுங்கள் என்று அவர்களின் வாசலில் சனம் மறித்து நின்றது. போய்விட்டார்கள். அதற்குப் பிறகு வெளியே இருந்து வந்து பார்க்கிற கண் அநேகமாக இல்லை. லொறித்தொடர் இடைக்கிடை வந்தது. 2009 ஜனவரிக்குப் பிறகு தரைப்பாதையில் அதுவும் இல்லை, செஞ்சிலுவைச் சங்கக் கப்பல் கொண்டுவந்ததுதான்.

அந்தப் பெப்ரவரியில் உள்ளே இருப்பது 70,000 பேர்தான் என்று கொழும்பு சொன்னது. டெல்லி நாடாளுமன்றத்திலும் அதே எண்தான் சொல்லப்பட்டது. முல்லைத்தீவுக் கச்சேரியில், அதாவது மாவட்டச் செயலகத்தில், இருந்தவர்கள் எழுதி அனுப்பிய கணக்கு 330,000. எங்களைப் போன்ற சங்கக்காரரும் கிராம சேவகர்மாரும் அட்டை அட்டையாகப் பார்த்து எழுதின கணக்கில் இருந்து வந்த எண் அது. கடைசியில் வெளியே வந்து முகாம்களில் பதியப்பட்டவர்களே 280,000க்கு மேல். இப்போது நீங்களே யோசித்துப் பாருங்கள். 70,000 பேருக்கென்று கணக்குப் போட்டு உணவும் மருந்தும் அனுமதித்தால், மூன்று லட்சம் வயிறு என்ன செய்யும்? காயத்துக்குக் கட்டுகிற துணிக்கு எங்கே போகும்? ஒரு தாளில் ஒரு எண்ணைக் குறைத்து எழுதுவது, பார்க்கப் போனால், ஒரு ஆயுதம். இதை நான் உணர்ச்சியில் சொல்லவில்லை, தராசுக்குப் பக்கத்தில் நின்று சொல்கிறேன்.

முல்லைத்தீவுக் கடற்கரையில், மாத்தளனில் ஒரு நாள். பனையோடு சேர்த்துக் கட்டிய தறப்பாளுக்குக் கீழே பங்கீடு. மணல், வெயில், வரிசை. பேரேட்டை ஈரம் படாமல் பொலித்தீனில் சுற்றி வைத்திருப்பேன். ஒரு அம்மா அட்டையை நீட்டினார். ஆறு பேர் என்று இருந்தது. நான் ஆறுக்கு அளக்கத் தொடங்க, கையைப் பிடித்து நிறுத்தினார். "தம்பி, நாலுக்குப் போடுங்கோ" என்றார். அவ்வளவுதான் சொன்னார். சிவப்புப் பேனையால் ஆறை வெட்டி நாலு என்று எழுதினேன். பசி அந்த அளவில் இருந்த நாட்கள். ஆறுக்கு வாங்கிக்கொண்டு போயிருந்தால் கேட்க ஆள் இல்லை, நானும் கேட்டிருக்க மாட்டேன். நாலுக்குத்தான் அளந்தேன். பின்னால் வரிசை நின்றது, மூட்டையில் அரிசி இல்லை. அந்த இரண்டு பங்கையும் போட்டிருக்கலாமே என்று இன்றைக்கும் சில இரவுகளில் எழும்பி இருப்பேன்.

அந்தத் தாய் வைத்திருந்த நேர்மை இந்தப் பிராந்தியத்தின் எந்த அரசாங்கத்துக்கும் இருக்கவில்லை. புலிகளுக்கும் இருக்கவில்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும். வெளியேறப் போன சனத்தை மறித்தார்கள், சுட்டார்கள், வீட்டுக்கு வீடு படைக்குப் பிள்ளை பிடித்தார்கள். சனத்தின் எண்ணிக்கை அவர்களுக்கும் ஒரு மறைப்பாகத்தான் தேவைப்பட்டது. இதைச் சொல்லாமல் மற்றவர்களிடம் கணக்குக் கேட்க எனக்கு வாய் வராது.

ஐக்கிய நாடுகள் சபையின் கொழும்பு அலுவலகம் அந்த மாதங்களில் உள்ளே செத்தவர்களைத் தன் பாட்டில் எண்ணிக்கொண்டுதான் இருந்தது. 2008 ஆகஸ்ட் முதல் 2009 மே 13 வரை 7,721 பேர் என்று எழுதி வைத்திருந்தது. அதை அப்போது பகிரங்கமாகச் சொல்லவில்லை. 2011இல் செயலாளர் நாயகம் அமைத்த நிபுணர் குழு 40,000 பேர் வரை செத்திருக்கலாம் என்றது. மன்னார் ஆயராக இருந்த இராயப்பு யோசப் ஆண்டகை 2011 ஜனவரியில் நல்லிணக்க ஆணைக்குழுவின் முன் போய் ஒரு கழித்தல் கணக்கைச் சொன்னார். 2008 ஒக்டோபரில் கச்சேரிப் பதிவின்படி வன்னியில் இருந்தவர்கள் 429,059. பிறகு அரச கட்டுப்பாட்டுப் பகுதிக்கு வந்தவர்கள் 282,380. மிச்சம் 146,679 பேர் எங்கே என்று கேட்டார். அவர்கள் எல்லோரும் செத்துவிட்டார்கள் என்று ஆயர் சொல்லவில்லை. நானும் சொல்ல மாட்டேன். படகில் போனவர்கள் இருக்கலாம், ஒரே பெயர் இரண்டு இடத்தில் பதிந்தும் இருக்கலாம். பேரேடு எழுதினவனுக்கு அது தெரியும். ஆனால் கணக்கில் வித்தியாசம் வந்தால் என்ன செய்ய வேண்டும்? சங்கத்தில் ஒரு மூட்டை மா குறைந்தால்கூட உட்கார்ந்து பெயர் பெயராகச் சரிபார்ப்போம். அந்தக் கேள்விக்கு அப்படி ஒருவரும் உட்காரவில்லை. எல்லோரும் ஒப்புக்கொள்கிற ஒரு எண் இன்றுவரை கிடையாது. ஆயரும் காலமாகிவிட்டார்.

எங்கள் சனத்தை எண்ண மறுத்தது கொழும்பு மட்டும் இல்லை. 2009 மே 27ஆம் திகதி, ஜெனிவாவில் மனித உரிமைகள் பேரவையின் விசேட அமர்வு. முள்ளிவாய்க்காலில் மணல் ஆறி பத்து நாள்கூட ஆகவில்லை. இலங்கையைப் பாராட்டுகிற தீர்மானம் 29 வாக்குகளால் நிறைவேறியது. ஆதரித்துக் கையைத் தூக்கிய நாடுகளில் இந்தியா இருந்தது, பாகிஸ்தான் இருந்தது, சீனா இருந்தது, பங்களாதேஷ் இருந்தது. இதில் இந்தியாவும் பாகிஸ்தானும், 2014க்குப் பிறகு தெற்காசிய நாடுகளின் சார்க் அமைப்பின் ஒரு உச்சி மாநாட்டைக்கூடக் கூட்ட முடியாத அளவுக்குப் பகை வைத்திருக்கிற நாடுகள். அந்த நாடுகள் ஒரே பக்கத்தில் நின்ற அந்த ஒரு நாள், செத்தவர்களை எண்ண வேண்டாம் என்பதற்காக நின்றார்கள். டெல்லி 2012இலும் 2013இலும் அதே பேரவையில் இலங்கைக்கு எதிரான தீர்மானங்களுக்கு ஆதரவாக வாக்களித்தது, உண்மைதான். ஆனால் 2009இல் எண்ணியிருந்தால் சாட்சி உயிரோடு இருந்தது.

இந்த ஊரில் பெரிய ஆட்கள் 'பாதுகாப்பு' என்று சொல்லும்போது சனம் ஏன் பேசாமல் இருக்கிறது என்று சிலர் கேட்பார்கள். அந்தச் சொல் எங்களிடம் எப்படி வந்தது என்று பாருங்கள். 2009 ஜனவரி 21இல் உடையார்கட்டு, சுதந்திரபுரம், வள்ளிபுனம் பக்கத்தைப் 'பாதுகாப்பு வலயம்' என்று அறிவித்தார்கள். சனம் நம்பி அங்கே போனது. அங்கேதான் செல் விழுந்தது. பிறகு கடற்கரையில் ஒரு பாதுகாப்பு வலயம். பங்கருக்கு மண்மூட்டை இல்லாமல் பெண்கள் கூறைச் சேலையை வெட்டித் தைத்து மணல் நிரப்பினார்கள். கலியாணத்துக்குக் கட்டின சேலை. போருக்குப் பிறகு முகாம் வேலிக்குள் வைத்ததும் பாதுகாப்புக்கு என்றார்கள். கேப்பாப்புலவில் சனத்தின் காணியைப் படை எடுத்து வைத்ததற்கும் அதே சொல். அங்கே பிலக்குடியிருப்புப் பெண்கள் 2017இல் ஒரு மாதம் வீதியோரம் இரவும் பகலும் இருந்துதான் தங்கள் காணியை மீட்டார்கள்.

சரி, இவ்வளவு படையை வைத்து நாடு பாதுகாப்பாக இருந்ததா? 2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறு, தேவாலயங்களிலும் விடுதிகளிலும் குண்டு வெடித்த நாள். தாக்குதல் வரப் போகிறது என்று ஏப்ரல் 4ஆம் திகதியே இந்தியா தகவல் கொடுத்திருந்தது. முல்லைத்தீவில் சந்திக்குச் சந்தி ஆமி நின்ற நாட்கள் அவை. தகவல் மேசையில் கிடந்தது. 260 பேருக்கு மேல் செத்தார்கள், கொச்சிக்கடையிலும் மட்டக்களப்பிலும் எங்கள் தமிழ்ச் சனம் பிள்ளைகளோடு செத்தது. கடமையில் தவறியதற்காக, அப்போது ஜனாதிபதியாக இருந்த மைத்திரிபால சிறிசேன பத்துக் கோடி ரூபா நட்டஈடு கட்ட வேண்டும் என்று உயர் நீதிமன்றமே 2023இல் தீர்ப்பளித்தது.

அந்தத் தாக்குதலில் ஒரு விசயம் என் மனதில் நிற்கிறது. முதலில் 359 பேர் இறந்ததாகச் சொன்னார்கள். இரண்டொரு நாளில் அதைத் திருத்தி 253 என்றார்கள். உடல்கள் சிதைந்திருந்ததால் சிலதை இரண்டு தடவை எண்ணிவிட்டார்கள் என்று விளக்கம் சொன்னார்கள். உட்கார்ந்து, பரிசோதித்து, ஒவ்வொரு உடலுக்கும் பெயர் தேடினார்கள். அப்படித்தான் செய்ய வேண்டும். அப்படிச் செய்ய இந்த நாட்டுக்குத் தெரியும், வைத்தியர்கள் இருக்கிறார்கள், ஆய்வுகூடம் இருக்கிறது. 2023 ஜூனில் முல்லைத்தீவின் கொக்குத்தொடுவாயில் தண்ணீர்க் குழாய் பதிக்க வெட்டிய குழியில் மனித எலும்புகள் வந்தன. அந்த எலும்புகளுக்கும் அதே வைத்தியம், அதே ஆய்வுகூடம், அதே அவசரம் கிடைக்க வேண்டும் என்றுதான் கேட்கிறோம்.

நான் கேட்பது இதுதான். இந்தப் பிராந்தியத்தில் இனி எந்த இரண்டு தரப்பு போர்நிறுத்தம் எழுதினாலும், முதல் பந்தியில் இரண்டு பக்கத்துச் சனத்தின் கணக்கும் வர வேண்டும். செத்தவர், காயப்பட்டவர், காணாமல் போனவர், பெயர் ஊரோடு. அதை எண்ணுகிறவர் சண்டை பிடித்த தரப்பாக இருக்கக் கூடாது. 2025 மே 10ஆம் திகதி சண்டை நின்றபோது அப்படி ஒரு பந்தி இருக்கவில்லை. அடுத்த முறையும் இருக்காது, நாங்கள் விமானக் கணக்கையே கேட்டுக்கொண்டு இருந்தால்.

அந்தப் பெடியனுக்கு அன்றைக்கு நான் விமானக் கணக்குச் சொல்லவில்லை. போனில் பூஞ்சைத் தேடிப் பார் என்றேன். கொஞ்ச நேரம் பார்த்தான். செத்துப்போன இரட்டைப் பிள்ளைகளின் படம் ஒன்று வந்தது. போனை என் பக்கம் திருப்பி, "மாமா, இவங்களின்ட பேரை எங்கயாவது எழுதி வச்சிருப்பாங்களா?" என்று கேட்டான்.

என்னுடைய பேரேடு என்னிடம் இல்லை. மே நடுப்பகுதியில் முள்ளிவாய்க்காலில் ஒரு பங்கருக்குள் பொலித்தீனோடு புதைத்துவிட்டு வட்டுவாகல் பாலத்தால் வந்தேன். மீள்குடியேற்றத்துக்குப் பிறகு இரண்டு தரம் போய்த் தேடினேன். மண் எல்லாம் மாறிப் போய் இருந்தது, இடம் பிடிபடவில்லை. சில குடும்பங்களின் பெயரும் இலக்கமும் இன்னும் ஞாபகத்தில் இருக்கிறது. அவற்றை ஒரு கொப்பியில் எழுதிக்கொண்டு வருகிறேன். அந்த நாட்களில் சங்கத்திலோ கிராம சேவகரோடோ பதிவு எழுதியவர்கள் யாராவது இதைக் கேட்டுக்கொண்டு இருந்தால், நிலையத்துக்கு அறிவியுங்கள். உங்களிடம் இருக்கிற பெயர்களையும் சேர்த்து எழுதுவோம்.

நன்றி. வணக்கம்.