ஒரே ஆசிரியர், பல பெயர்கள்: நூற்பட்டியலைச் சீராக்கும் இரண்டு கருவிகள்

வணக்கம். நூலகங்களில் பணியாற்றும் தோழர்களுக்காகவும் நூலகவியல் படிக்கும் மாணவர்களுக்காகவும் இந்தக் காணொளியைப் பதிவு செய்கிறேன். நான் ஒரு கல்லூரி நூலகர். அண்மைக் காலமாக, ஒழுங்கற்ற தரவைச் சீராக்க உதவும் ஓப்பன்ரிஃபைன் என்னும் கருவியையும் விக்கித்தரவு என்னும் திறந்த தரவுத்தளத்தையும் கற்றுவருகிறேன். நூற்பட்டியலில் ஓர் ஆசிரியர் பல பெயர்களில் சிதறிக் கிடப்பதைச் சரிசெய்ய வேண்டும் என்ற ஒரே நோக்கத்துக்காகத்தான் இரண்டையும் கையில் எடுத்தேன். இன்று அந்த ஒரு வேலையைப் பற்றி மட்டும் பேசுகிறேன்.

இப்போது திரையில் தெரிவது எங்கள் நூற்பட்டியலின் ஆசிரியர் நெடுவரிசை. இதை மெதுவாக நகர்த்துகிறேன், பாருங்கள். உ.வே.சாமிநாதையர், உ. வே. சாமிநாதையர், சாமிநாதையர் உ.வே., டாக்டர் உ.வே. சாமிநாத ஐயர், சாமிநாதய்யர், உ.வே.சா. என்று ஒரே மனிதர் இத்தனை வடிவங்களில் நிற்கிறார். வெவ்வேறு காலத்தில் வெவ்வேறு பணியாளர்கள், அட்டையில் அச்சாகியிருந்தபடியோ தங்களுக்குப் பழக்கமான முறையிலோ உள்ளிட்டவை இவை. அவர்கள் ஒவ்வொருவரும் தம் வேலையை ஒழுங்காகவே செய்திருக்கிறார்கள். ஆனால் தேடுபொறிக்கு இவர்கள் ஆறு பேர். தேடல் பெட்டியில் ‘உ.வே.சா’ என்று தட்டச்சு செய்யும் மாணவிக்கு ஒரு வடிவத்துக்கு உரிய நூல்கள் மட்டுமே வருகின்றன. அவருடைய புறநானூற்றுப் பதிப்பு அலமாரியில் இருந்தும், ‘இங்கே இல்லை போலிருக்கிறது’ என்று எண்ணி அவள் திரும்பிப் போய்விடுகிறாள். சென்னைப் பல்கலைக்கழக நூலகராக இருந்த சீர்காழி எஸ்.ஆர்.ரங்கநாதன் 1931-இல் வெளியிட்ட நூலகவியலின் ஐந்து விதிகளில் நான்காவது, வாசகரின் நேரத்தைச் சேமிக்கச் சொல்கிறது. பெயர் சிதறிய பட்டியல் அந்த நேரத்தைத்தான் தின்கிறது என்பதால், இதை வெறும் எழுத்துப்பிழைச் சிக்கலாக என்னால் பார்க்க முடியவில்லை.

கருவிகளுக்குப் போகும் முன், இவற்றை ஏன் தேர்ந்தெடுத்தேன் என்பதைச் சொல்லிவிடுகிறேன். நூலகர்கள் இணையக் கருவிகளைத் தாமே முயன்று கற்க வேண்டும் என்ற எண்ணத்தில், அமெரிக்காவின் வட கரோலைனாவில் உள்ள சார்லட் மெக்லன்பர்க் பொது நூலகத்தில் ஹெலன் புளோவர்ஸ் 2006-இல் ‘23 விஷயங்கள்’ என்ற பயிற்சியை வடிவமைத்தார். பிற நாட்டு நூலகங்களும் அதைப் பின்பற்றின. அந்தப் பட்டியலில் இருந்த, நம் நூல்களை இணையத்தில் பட்டியலிட உதவும் லைப்ரரிதிங் இன்றும் இயங்குகிறது; சுட்டிகளைச் சேர்த்துவைக்க உதவிய டெலிஷியஸ் வழக்கொழிந்துவிட்டது. ஆகவே எந்தக் கருவியைக் கற்பதாக இருந்தாலும், நாளை அது நின்றுபோனால் நம் உழைப்பின் பலன் நம் கையில் மிஞ்சுமா என்பதை முதலில் பார்க்கிறேன். ஓப்பன்ரிஃபைன் கட்டற்ற மென்பொருள். செய்து முடித்ததை, எந்த அட்டவணை மென்பொருளிலும் திறக்கக்கூடிய சாதாரண சிஎஸ்வி கோப்பாக வெளியே எடுத்துக்கொள்ளலாம். விக்கித்தரவு 2012 அக்டோபரில் தொடங்கப்பட்டது. அதில் உள்ள தரவை எவரும் எந்தத் தடையும் இல்லாமல் பயன்படுத்தலாம்.

ஓப்பன்ரிஃபைன் இணைய உலாவியில் திறந்தாலும் தரவு நம் கணினியிலேயே இருக்கும். அப்படியிருந்தும் நூலக மென்பொருளிலிருந்து கோப்பை எடுக்கும்போது பதிவு எண், ஆசிரியர், தலைப்பு, பதிப்பாண்டு ஆகியவற்றை மட்டும் எடுங்கள். யார் எந்த நூலை இரவல் பெற்றார் என்ற விவரம் இந்தக் கோப்பின் அருகில்கூட வரக் கூடாது. கோப்பை உள்ளே ஏற்றும்போது எழுத்துக் குறியாக்கம் என்ற இடத்தில் யுடிஎஃப்-8 என்பதைத் தேர்ந்தெடுங்கள். பழைய பட்டியல் பாமினி போன்ற, ஒருங்குறி (யூனிகோடு) அல்லாத எழுத்துருவில் இருந்தால், ஒருங்குறி மாற்றியில் இட்டு மாற்றிய பிறகே இங்கே கொண்டுவர வேண்டும்.

இனி நெடுவரிசையின் தலைப்பைச் சொடுக்கி, ‘ஃபேசட்’ என்பதில் உள்ள ‘டெக்ஸ்ட் ஃபேசட்’டைத் தேர்ந்தெடுக்கிறேன். இடப்பக்கம் பெயர்கள் அனைத்தும் அகர வரிசையில், எத்தனை பதிவுகளில் வருகின்றன என்ற எண்ணிக்கையுடன் வந்துவிடுகின்றன. எந்த மாற்றமும் செய்யாமல் இந்தப் பட்டியலைப் பொறுமையாக ஒருமுறை படித்துப் பாருங்கள். உங்கள் நூலகத்தின் வரலாறே அதில் தெரியும்.

இங்கே ஓர் இடத்தைப் பெரிதாக்கிக் காட்டுகிறேன். ஔவையார் என்ற பெயர் இரண்டு முறை, இரண்டு வெவ்வேறு எண்ணிக்கையுடன் இருக்கிறது. கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான். ஒன்றில் முதலெழுத்து ‘ஔ’ என்ற உயிரெழுத்து. மற்றொன்றில் ‘ஒ’ என்ற உயிரெழுத்தையும் ‘ள’ என்ற உயிர்மெய்யையும் அடுத்தடுத்துத் தட்டச்சு செய்திருக்கிறார்கள். கணினிக்கு இவை முற்றிலும் வேறு சொற்கள். ‘ஸ்ரீ’ என்ற எழுத்தும் இப்படித்தான். ‘ஸ’வைக் கொண்டும் அமைக்கலாம், பின்னர் ஒருங்குறியில் சேர்க்கப்பட்ட ‘ஶ’வைக் கொண்டும் அமைக்கலாம், திரையில் வேறுபாடு தெரியாது. ‘கொ’ போன்ற எழுத்துகளில் சிக்கல் இன்னும் நுட்பமானது. அதன் உயிர்க்குறியை ஒரே குறியீடாகவும் சேமிக்கலாம், ஒற்றைக்கொம்பையும் காலையும் தனித்தனியாக இட்டும் சேமிக்கலாம். கொம்பு, கால் சிக்கலை ஒருங்குறி அமைப்பே வகுத்துள்ள இயல்பாக்க முறை தீர்த்துவிடும். ஓப்பன்ரிஃபைனில் பைத்தான் மொழியின் சிறு கட்டளை ஒன்றால் நெடுவரிசை முழுவதற்கும் அதைச் செய்துவிடலாம். ஆனால் ‘ஔ’, ‘ஸ்ரீ’ ஆகிய இரண்டையும் அந்த இயல்பாக்கம் தொடாது. அவற்றை நாமே தேடிப் பிடித்து மாற்றியாக வேண்டும். தமிழ்ப் பட்டியலில் கைவைக்கும் எவரும் இந்தப் படியை முடித்த பிறகுதான் அடுத்ததற்குப் போக வேண்டும் என்பது என் உறுதியான கருத்து, ஏனென்றால் இது சரியாகாமல் பின்னால் வரும் எதுவும் முழுமையாக வேலை செய்யாது.

அடுத்தது ‘கிளஸ்டர்’ என்னும் பொத்தான். ஒத்துப்போகக்கூடிய பெயர்களைக் கருவி தானே குழு சேர்த்துக் காட்டும். இதில் முதல் முறைக்குக் ‘கைரேகை’ என்று பெயர். நிறுத்தக்குறிகளை நீக்கி, சொற்களைப் பிரித்து, வரிசைப்படுத்தி ஒப்பிடும். ஆகவே ‘சாமிநாதையர், உ.வே.’ என்பதும் ‘உ.வே. சாமிநாதையர்’ என்பதும் உடனே ஒன்றாக வந்து நிற்கின்றன. ஆனால் முதலெழுத்துகளுக்கு நடுவே இடைவெளி விட்டு ‘உ. வே.’ என்று எழுதிய வடிவம் இந்தக் குழுவில் சேராது. புள்ளியை நீக்கியதும் ஒரு வடிவத்தில் ‘உவே’ என்று ஒரே சொல்லாகவும், மற்றொன்றில் இரண்டு சொற்களாகவும் ஆகிவிடுகின்றன. அதற்கு ‘என்-கிராம்’ முறைக்கு மாற வேண்டும். அது இடைவெளிகளையும் நீக்கிவிட்டுத் துண்டு துண்டாக ஒப்பிடுவதால் இரண்டும் சேர்ந்துவிடும். முதலெழுத்து இல்லாத தமிழ்ப் பெயர் அரிது என்பதால், நம் பட்டியலுக்கு இந்த இரண்டாவது முறைதான் அதிகம் கைகொடுக்கிறது. ஒலிப்பை வைத்துச் சேர்க்கும் முறைகளும் அங்கே இருக்கின்றன. அவை ஐரோப்பிய மொழிகளுக்காக அமைக்கப்பட்டவை. தமிழுக்கு அவற்றை நாட வேண்டாம்.

எழுத்து வேறுபாட்டின் அளவைக் கணக்கிட்டுச் சேர்க்கும் ‘லெவன்ஷ்டைன்’ முறையில் மட்டும் மிகுந்த கவனம் வேண்டும். ‘ரா. கிருஷ்ணமூர்த்தி’, ‘ஜெ. கிருஷ்ணமூர்த்தி’ என்னும் இரண்டையும் ஒரே குழுவாக்கி, இவற்றை இணைக்கலாமா என்று அது கேட்கிறது. முதலாமவர் 1899 முதல் 1954 வரை வாழ்ந்த எழுத்தாளர் கல்கி. இரண்டாமவர் 1895-இல் பிறந்து 1986-இல் மறைந்த தத்துவ அறிஞர். அந்தக் கட்டத்தில் ஒரு டிக் போட்டுவிட்டால், கல்கியின் நாவல்களும் தியானம் பற்றிய உரைகளும் ஒரே பெயருக்குக் கீழ் போய்ச் சேரும். தமிழ்ப் பெயர்களில் ஆளை அடையாளம் காட்டுவதே பெரும்பாலும் அந்த முதலெழுத்துதான். ஒவ்வொரு குழுவுக்கும் உரிய பதிவுகளைத் திறந்து, தலைப்பையும் பதிப்பாண்டையும் பார்த்து, ஐயம் இருந்தால் அலமாரிக்குப் போய் நூலின் முகப்புப் பக்கத்தையும் பார்த்த பிறகு இணையுங்கள். செய்த ஒவ்வொரு மாற்றத்தையும் கருவி வரிசையாகப் பதிந்துவைக்கிறது. எந்தப் படிக்கும் திரும்பிப் போகலாம். எனினும் தவறாக இணைந்த ஒரு பெயர் பட்டியலில் ஏறிவிட்டால், பிறகு அதைக் கண்டுபிடிப்பது மிகக் கடினம்.

இதுவரை பார்த்தது எழுத்து வேறுபாடு. புனைபெயர்கள் வேறு வகை. ‘சொ. விருத்தாசலம்’ என்பதையும் ‘புதுமைப்பித்தன்’ என்பதையும் எழுத்தை வைத்து ஒப்பிடும் எந்த முறையாலும் சேர்க்க முடியாது. இந்த இடத்தில்தான் விக்கித்தரவு துணைக்கு வருகிறது. அங்கே இடம்பெற்றுள்ள ஒவ்வொரு மனிதருக்கும் தனி எண் கொண்ட ஒரு பக்கம் உண்டு. அதில் பெயர், மாற்றுப் பெயர்கள், பிறப்பு, இறப்பு, தொழில், பிற நூலகங்கள் அவருக்கு வழங்கியுள்ள அடையாள எண்கள் ஆகியவை இருக்கும். ஓப்பன்ரிஃபைனில் ‘ரீகன்சைல்’ என்பதைத் தேர்ந்தெடுத்து, விக்கித்தரவின் தமிழ்ச் சேவையைக் கொடுத்தால், நம் பெயர்கள் ஒவ்வொன்றுக்கும் பொருந்தக்கூடியவர்களைக் கீழே நிரல்படுத்தும். ஒற்றை டிக் குறியைச் சொடுக்கினால் அந்த ஒரு கட்டம் மட்டும் பொருந்தும். இரட்டை டிக் குறியைச் சொடுக்கினால் அதே பெயருள்ள எல்லாக் கட்டங்களும் பொருந்தும். இரட்டைக் குறியை நான் மிக அரிதாகவே தொடுகிறேன். ‘சுஜாதா’ என்று கொடுத்தால் எழுத்தாளரும் வருவார், நடிகையும் வருவார். ‘கல்கி’ என்ற பெயரில் ஆசிரியரும் உண்டு, 1941-இல் தொடங்கிய இதழும் உண்டு. கட்டு கட்டாகத் தைத்த இதழ்த் தொகுதிகள் ஆசிரியர் நெடுவரிசையில் புகுந்திருப்பதை எங்கள் பட்டியலிலேயே காணலாம்.

பொருத்தி முடித்ததும், அந்தப் பெயர்களுக்கு உரிய பிறப்பு, இறப்பு ஆண்டுகளையும், வயாஃப் எனப்படும் பன்னாட்டுப் பெயர்க் கோப்பின் எண்ணையும் புதிய நெடுவரிசைகளாக இறக்கிக்கொள்ளலாம். வயாஃப் எண் கிடைத்தால், அமெரிக்காவின் லைப்ரரி ஆஃப் காங்கிரஸ் அந்த ஆசிரியரை எந்த வடிவத்தில் எழுதுகிறது என்பதும் தெரிந்துவிடும். அந்த நூலகத்தின் ரோமன் எழுத்துமுறை ஒலிப்பைக் கருதாமல் எழுத்துக்கு எழுத்து மாற்றுவது. நம் மாணவர்கள் செல்பேசியில் ஆங்கில எழுத்தால் தேடுவதோ காதில் விழும் ஒலிப்படி. இரண்டு வடிவங்களையும் மாற்றுப் பெயர்களாகச் சேர்த்துவைப்பது நல்லது.

விக்கித்தரவில் இல்லாத ஆசிரியர்களும் நம் நூலகங்களில் நிறைய உண்டு. வட்டார வரலாறு எழுதிய ஆசிரியர், தலபுராணத்துக்கு உரை எழுதிய புலவர் போன்றோரின் நூல்களை நம் நூலகத்தைத் தவிர வேறெங்கும் தேடிப் பெறுவது கடினம். அச்சில் வந்த நம்பகமான சான்று இருந்தால் அவர்களுக்கு அங்கே பக்கம் உருவாக்குங்கள். இதை நூலகர்கள் செய்யாவிட்டால் வேறு யார் செய்வார்கள்? ஆனால் வாழும் எழுத்தாளரின் பிறந்த தேதியையோ முகவரியையோ நம் உறுப்பினர் படிவத்திலிருந்து எடுத்து அங்கே இடுவது கூடவே கூடாது.

கடைசியாக, சீராக்கிய பெயர்களை நூலக மென்பொருளுக்குத் திருப்ப வேண்டும். நாங்கள் பயன்படுத்துவது கோஹா. நியூசிலாந்தின் ஹோரோவெனுவா நூலக அறக்கட்டளைக்காக 1999-இல் உருவாக்கப்பட்டு, 2000 ஜனவரியில் பயன்பாட்டுக்கு வந்த கட்டற்ற மென்பொருள் அது. ஒரு பெயரின் ஏற்றுக்கொண்ட வடிவத்தையும் மாற்று வடிவங்களையும் பதிந்துவைக்கும் அதன் அத்தாரிட்டி பகுதியில் ஓர் ஆசிரியருக்கு ஒரு பதிவை உருவாக்கி, 100 என்ற புலத்தில் நாம் ஏற்றுக்கொண்ட வடிவத்தையும், 400 என்ற புலத்தைத் தேவையான அளவு திரும்பத் திரும்பச் சேர்த்து மற்ற வடிவங்களையும் இடுகிறேன். வாசகர் நன்கறிந்த பெயரே தலைப்பாக இருக்க வேண்டும் என்பதால் ‘புதுமைப்பித்தன், 1906-1948’ என்பது 100-இல் நிற்கும், சொ. விருத்தாசலம் 400-இல் வரும். இத்துடன் வேலை முடிந்துவிடாது. 400-இல் உள்ள மாற்று வடிவங்களையும் நூல் தேடலில் சேர்த்துக்கொள்ளும் அமைப்பு ஒன்று கோஹாவில் இருக்கிறது. அதை நாமே இயக்கி, தேடலுக்கான அட்டவணையை (இண்டெக்ஸ்) மீண்டும் உருவாக்க வேண்டும். அதைச் செய்யாத வரை, நாம் சேர்த்த மாற்றுப் பெயர்களைக் கொண்டு தேடும் வாசகருக்கு நூல் கிடைக்காது.

இப்போது எங்கள் தேடல் பக்கத்தில் ‘விருத்தாசலம்’ என்று உள்ளிடுகிறேன், பாருங்கள். புதுமைப்பித்தன் நூல்கள் அனைத்தும் வருகின்றன. பதிப்பகப் பெயர்களிலும் இதே சிதறல் இருக்கிறது. ஆனால் ஒரே பதிப்பகம் காலப்போக்கில் பெயரையும் ஊரையும் மாற்றிக்கொள்வதால் அங்கே எல்லாவற்றையும் ஒன்றாக இணைப்பது சரியாகாது. அடுத்த காணொளியில் அதை எடுத்துக்கொள்வோம். அதற்குள் உங்கள் பட்டியலின் ஆசிரியர் நெடுவரிசையை மட்டும் தனியே எடுத்து, டெக்ஸ்ட் ஃபேசட்டில் ஒருமுறை முழுமையாகப் படித்து வைத்திருங்கள். நன்றி, வணக்கம்.